சின்னப் பிள்ளையோடு டிஸ்னி வேர்ல்ட்: வாடகை வீடா, ரிசார்ட் அறையா?

டிஸ்னி வேர்ல்ட் இருக்கும் ஆர்லாண்டோவுக்கு முதல் தடவை போனபோது மகளுக்கு ஒன்றரை வயது. மாமனார், மாமியாரும் கூட வந்தார்கள். பக்கத்து ஊரான கிஸ்ஸிம்மியில் ஒரு வீட்டை ஒரு வாரத்துக்கு வாடகைக்கு எடுத்தோம். இரண்டாவது தடவை அவளுக்கு இரண்டே முக்கால். நாங்கள் மூன்று பேர் மட்டும் போய், டிஸ்னிக்குள்ளேயே கன்டெம்பரரி ரிசார்ட்டில் ஐந்து இரவு தங்கினோம். மூன்று வயது ஆகாத பிள்ளைக்கு டிஸ்னி வேர்ல்டில் நுழைவுச்சீட்டு வேண்டாம். அதனால்தான் இரண்டாவது பயணத்தைப் பிறந்தநாளுக்கு மூன்று மாதம் முன்னால் என்று என் வீட்டுக்காரர் கணக்குப் போட்டு வைத்தார்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிள்ளை இன்னும் மதியம் தூங்குகிற வயதா? டிஸ்னி வேர்ல்டின் நான்கு பூங்காக்களில் ஒன்றான மேஜிக் கிங்டமுக்கு நடந்து போகிற தூரத்தில் இருக்கும் ரிசார்ட்டில் தங்குங்கள். நாள் குறைந்தாலும் பரவாயில்லை. வீடு மலிவு, வசதி, எல்லாம் உண்மைதான். ஆனால் வீட்டில் தங்கிய அந்த ஒரு வாரத்தில் ஒரு நாள்கூட மகள் மதியம் கட்டிலில் படுத்துத் தூங்கவில்லை.

வீட்டின் நல்லதையும் சொல்ல வேண்டும். மூன்று படுக்கையறை, முழு சமையலறை, துணி துவைக்கும் இயந்திரம். ஒன்றரை வயதுப் பிள்ளை ஒரு நாளைக்கு எத்தனை உடுப்பு அழுக்காக்கும் என்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும். காலையில் மாமியார் பருப்புசாதம் குழைத்து டப்பாவில் போட்டுவிடுவார். பூங்காவுக்குள் குழந்தைக்கான சாப்பாட்டைக் கொண்டுபோகத் தடையில்லை. இரவு எட்டு மணிக்கு அவளை ஓர் அறையில் படுக்க வைத்துக் கதவைச் சாத்திவிட்டு, நாங்கள் நால்வரும் ஹாலில் உட்கார்ந்து நிம்மதியாகப் பேசலாம். ரிசார்ட் அறையில் இந்த ஒரு சுகம் கிடையவே கிடையாது. அதைப் பிறகு சொல்கிறேன்.

வீட்டில் என்னைப் பயமுறுத்தியது பின்பக்க நீச்சல் குளம். 2000 அக்டோபருக்குப் பிறகு கட்டிய வீட்டுக் குளங்களுக்குத் தடுப்புவேலியோ, மூடியோ, கதவு அலாரமோ, ஏதாவது ஒரு பாதுகாப்பு இருந்தாக வேண்டும் என்பது புளோரிடா சட்டம். நாங்கள் எடுத்த வீட்டில் வலைவேலி இருந்தது. வேலியின் கொக்கிதான் சரியாக மாட்டவில்லை. முதல் நாள் முழுக்க மாமனார் அங்கேயே நாற்காலி போட்டுக் காவல் இருந்தார். வீடு எடுப்பவர்கள் முன்பதிவுக்கு முன்னாலேயே உரிமையாளரிடம் வேலியா அலாரமா என்று கேட்டு, படமும் வாங்கிப் பார்த்துவிடுங்கள். இரண்டும் இருந்தால் நல்லது.

சரி, இப்போது பிரச்சினைக்கு வருகிறேன்.

மேஜிக் கிங்டமின் கார் நிறுத்துமிடம் பூங்கா வாசலில் இல்லை. ஏரிக்கு இந்தப் பக்கம் டிரான்ஸ்போர்ட்டேஷன் அண்ட் டிக்கெட் சென்டர் என்று ஓர் இடம் இருக்கிறது, நிறுத்துமிடம் அங்கே. அங்கிருந்து மோனோரயிலோ (ஒற்றைத் தண்டவாளத்தில் ஓடும் ரயில்) பெரிய படகோ பிடித்துத்தான் பூங்கா வாசலுக்குப் போக முடியும். டாக்சியும் அங்கேதான் இறக்கிவிடும். மற்ற மூன்று டிஸ்னி பூங்காக்களிலும் இந்தச் சுற்று இல்லை. சின்னப் பிள்ளைகள் அதிகம் விரும்பும் பூங்காவில்தான் இருக்கிறது.

முதல் நாள் பன்னிரண்டரைக்கு மகள் ஸ்ட்ரோலரில், அதாவது குழந்தையைத் தள்ளிக்கொண்டு போகும் வண்டியில், கண் சொருகினாள். வீட்டுக்குப் போய்ப் படுக்க வைக்கலாம் என்று கிளம்பினோம். படகில் பிரச்சினையில்லை, ஸ்ட்ரோலரை அப்படியே தள்ளிக்கொண்டு ஏறலாம். கரைக்கு வந்ததும் நிறுத்துமிடத்துக்குள் ஓடும் டிராம். அதில் ஸ்ட்ரோலரை மடிக்காமல் ஏற முடியாது. "பிள்ளை தூங்குதும்மா, மெதுவா" என்று மாமியார் கிசுகிசுக்க, நான் அவளைத் தூக்கித் தோளில் போட, வீட்டுக்காரர் ஒரு கையால் ஸ்ட்ரோலரையும் மறு கையால் மூன்று பைகளையும் பிடித்துக்கொண்டு நின்றார். அவள் புரண்டாள், ஆனால் விழிக்கவில்லை. காரில் குழந்தை இருக்கையில் உட்கார வைத்து வாரை மாட்டும் 'டக்' சத்தத்தில் கண்ணைத் திறந்துவிட்டாள். அவ்வளவுதான். அன்று அதற்குமேல் தூக்கம் இல்லை. சாயங்காலம் ஐந்து மணிக்கு ஆரம்பித்த அழுகை வீட்டு வாசல் வரை வந்தது.

பூங்கா வாசலிலிருந்து வீட்டுக் கட்டில் வரை அன்று ஒன்றேகால் மணி நேரம் ஆனது. திரும்பி வர இன்னொரு ஒன்றேகால். இரண்டரை மணி நேரம் செலவழித்து யார் மதியத் தூக்கத்துக்கு வீடு திரும்புவார்கள்? மறுநாள் முதல் நாங்களும் திரும்பவில்லை. ஸ்ட்ரோலருக்கு மேல் மெல்லிய துணியைப் போர்த்தி, குளிரூட்டிய இடமாகத் தேடி உருட்டிக்கொண்டே இருந்தோம். இருபது நிமிடம் தூங்குவாள். அணிவகுப்பின் மேளச் சத்தம் கேட்டால் எழுந்துவிடுவாள்.

இரண்டாவது தடவை அறை தேடும்போது நான் விலையை அப்புறமாகத்தான் பார்த்தேன். முதலில் கேட்டது ஒரே கேள்வி: தூங்குகிற பிள்ளையை ஸ்ட்ரோலரிலிருந்து எடுக்காமல் அறைக்குக் கொண்டுவர முடியுமா?

இந்தக் கேள்வியைக் கேட்டவுடன் டிஸ்னி ரிசார்ட்டுகள் தாமாகவே இரண்டாகப் பிரிந்துவிடுகின்றன. பெரும்பாலானவற்றிலிருந்து மேஜிக் கிங்டமுக்குப் பஸ்தான். டிஸ்னி பஸ் இலவசம், பூங்கா வாசலிலேயே இறக்கிவிடும். ஆனால் பஸ்ஸில் ஸ்ட்ரோலரை மடித்தே ஆகவேண்டும். மோனோரயிலில் மடிக்க வேண்டாம். மோனோரயில் நிற்கும் ரிசார்ட்டுகள் மூன்றே மூன்று: கன்டெம்பரரி, பாலினீசியன், கிராண்ட் ஃப்ளோரிடியன். முதல் இரண்டும் 1971 அக்டோபரில் டிஸ்னி வேர்ல்ட் திறந்த நாளிலிருந்தே இருப்பவை. மூன்றாவது 1988இல் வந்தது. மூன்றுமே விலை உயர்ந்த வகை. கிராண்ட் ஃப்ளோரிடியனிலிருந்து மேஜிக் கிங்டமுக்கு 2020 முதல் நடைபாதையும் உண்டு. கன்டெம்பரரியிலிருந்து எப்போதுமே நடந்து போகலாம், சுமார் பத்து நிமிடம்.

கன்டெம்பரரியில் பிரதான கோபுரம், கார்டன் விங் என்று இரண்டு பகுதி. மோனோரயில் கோபுரத்தின் வயிற்றுக்குள் நுழைந்து மறுபக்கம் போகும்; மகள் அதைப் பார்க்கவே தினமும் இரண்டு தடவை நான்காம் மாடிக்கு இழுத்துக்கொண்டு போனாள். நாங்கள் எடுத்தது கார்டன் விங். கோபுரத்தைவிட விலை குறைவு. அங்கிருந்து கோபுரத்துக்கு நடக்க ஐந்து நிமிடம் கூடுதலாகும், மழை பெய்தால் அது பெரிய ஐந்து நிமிடமாகத் தெரியும்.

அந்தப் பயணத்தில் தினமும் நடந்தது இதுதான். டிஸ்னி விடுதிகளில் தங்குகிறவர்களை எல்லா நாளும் அரை மணி நேரம் முன்னதாகவே பூங்காவுக்குள் விடுவார்கள். எங்கள் வீட்டு அலாரம் எப்படியும் ஆறு மணிக்கு அடித்துவிடும், மூன்றடி உயரத்தில் நின்று அடிக்கும். அதனால் அந்த அரை மணி நேரம் எங்களுக்கு நிஜமாகவே பயன்பட்டது. பறக்கும் யானை ராட்டினத்தில் வரிசையே இல்லாமல் இரண்டு சுற்று. பன்னிரண்டு மணிக்குச் சாப்பாடு. பன்னிரண்டரைக்கு நடைபாதையில் ஸ்ட்ரோலரை உருட்ட ஆரம்பித்தால் பாதி வழியிலேயே தூங்கிவிடுவாள். அறைக் கதவைத் திறந்து, ஸ்ட்ரோலரை அப்படியே உள்ளே தள்ளி, திரைச்சீலையை இழுத்துவிடுவோம். வாரைக் கழற்றவே மாட்டோம் முதல் அரை மணி நேரம். இரண்டு மணி நேரம் தூங்கினாள், ஒரு நாள் இரண்டரை. நாங்களும் தூங்கினோம். நாலு மணிக்குத் திரும்ப உள்ளே போகும்போது, பூங்காவிலிருந்து அழுதுகொண்டு வெளியே வரும் பிள்ளைகள் எங்களைக் கடந்து போவார்கள். போன தடவை அந்தக் கூட்டத்தில் நாங்களும் இருந்தோம்.

நடந்து வருகிறவர்களுக்கான பைச் சோதனை தனி என்பதால் அங்கேயும் நெரிசல் குறைவு. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: 31 அங்குல அகலம், 52 அங்குல நீளத்துக்கு மேற்பட்ட ஸ்ட்ரோலரை டிஸ்னி பூங்காவுக்குள் விடுவதில்லை. இழுத்துக்கொண்டு போகும் வண்டிகளுக்கு அனுமதியே இல்லை.

குறை இல்லையா? இருக்கிறது. ஒரே அறை. எட்டு மணிக்கு அவள் தூங்கியதும் விளக்கை அணைத்தாக வேண்டும். இரண்டாம் நாள் இரவு நானும் அவரும் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, அவர் தொட்டி விளிம்பிலும் நான் மூடிய கழிப்பறை மேலும் உட்கார்ந்து டப்பாவிலிருந்து பாஸ்தா சாப்பிட்டோம். சமையலறை கிடையாது, அறையில் சின்ன ஃப்ரிட்ஜ் மட்டும். குழந்தைக்கான மடக்குக் கட்டில் கேட்டால் இலவசமாகத் தருவார்கள், ஆனால் அதைப் போட்டால் நடக்க இடம் குறைகிறது. பூங்கா பக்கத்திலேயே இருப்பதால் இரவு வாணவேடிக்கைச் சத்தம் அறைக்குள் வரும். மகள் அசையவில்லை. சத்தத்துக்குத் தூக்கம் கலைகிற பிள்ளையாக இருந்தால் என்ன ஆகும் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது.

விலை. ஐந்து இரவுக்குக் கொடுத்தது, வீட்டுக்கு ஏழு இரவுக்குக் கொடுத்ததைப்போல இரண்டு மடங்குக்கு மேல். வீட்டுக் கணக்கில் வாடகைக் கார், பெட்ரோல், பூங்காவில் கார் நிறுத்த நாங்கள் போனபோது இருந்த தினசரி 30 டாலர் எல்லாவற்றையும் சேர்த்தாலும் ரிசார்ட்தான் அதிகம். டிஸ்னி விடுதியில் தங்கினால் பூங்காக்களில் கார் நிறுத்தக் கட்டணமில்லை. 2023 ஜனவரியிலிருந்து விடுதியில் இரவு நிறுத்தவும் கட்டணமில்லை. ஆனால் எங்களிடம் காரே இல்லை, அதனால் அது லாபக் கணக்கில் வரவில்லை. விமான நிலையத்திலிருந்து முன்பு ஓடிய டிஸ்னியின் இலவசப் பஸ் 2022 தொடக்கத்திலேயே நின்றுபோனது, அந்தச் செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்த விலை வித்தியாசத்தைச் சமாளிக்க நாங்கள் செய்தது, ஏழு இரவை ஐந்தாகக் குறைத்ததுதான்.

நடுவில் ஒரு வழி இருக்கிறது, ஆர்ட் ஆஃப் அனிமேஷன் ரிசார்ட். 2012இல் திறந்தது; அதில் ஆறு பேர் படுக்கக்கூடிய குடும்ப சூட்கள் (ஒன்றுக்கு மேற்பட்ட அறை கொண்ட தங்குமிடம்) உண்டு. தனிப் படுக்கையறை, இரண்டு குளியலறை, மைக்ரோவேவ். எங்கள் குளியலறை விருந்தை நினைத்தால் அந்தக் கதவு ஒன்றுக்கே காசு கொடுக்கலாம். குளம் பெரியது, கடற்கரை போலச் சரிவாக இறங்கும். கணுக்கால் ஆழத்தில் பிள்ளை உட்கார்ந்து விளையாடலாம். இந்த விஷயத்தில் கன்டெம்பரரி பக்கத்தில்கூட வராது. வாசலிலேயே ஸ்கைலைனர் நிலையம். 2019இல் வந்த கம்பிவடப் பெட்டி. எப்காட், ஹாலிவுட் ஸ்டூடியோஸ் என்ற இரண்டு பூங்காக்களுக்கும் அதில் போகலாம், நடுவில் ஓர் இடத்தில் மாற வேண்டும். ஒற்றை ஸ்ட்ரோலரை மடிக்காமல் ஏற்றலாம். பெட்டிக்குள் ஏசி கிடையாது, ஓடிக்கொண்டிருக்கும்வரை காற்று வரும். மின்னல் இருந்தால் நிறுத்திவிடுவார்கள்; புளோரிடாவில் கோடைக்கால மதியங்களில் மின்னல் வராத நாளைத் தேட வேண்டியிருக்கும்.

ஆனால் ஸ்கைலைனர் மேஜிக் கிங்டமுக்குப் போகாது. அங்கே பஸ், பஸ் என்றால் மடிப்பு. எனக்கு அங்கேதான் ஆட்டம் முடிந்தது. ஒரு சாயங்காலம் மட்டும் அங்கே தங்கியிருந்த தோழியைப் பார்க்கப் போனோம், அதனால் அந்த அறைகளில் இரவு எப்படி என்று அனுபவத்தில் சொல்ல எனக்குத் தகுதியில்லை. அவளுடைய மகன் ஸ்ட்ரோலரிலேயே இரண்டு மணி நேரம் அசையாமல் தூங்குவானாம். பஸ்ஸில் தூக்கி மடியில் போட்டாலும் எழமாட்டானாம். அப்படிப்பட்ட பிள்ளை வாய்த்தவர்களுக்கு நான் மேலே எழுதியதில் பாதி தேவையில்லை. அந்தக் குடும்ப சூட்டை எடுத்துக்கொண்டு மிச்சப் பணத்தில் இன்னும் இரண்டு நாள் தங்கலாம்.

தாத்தா பாட்டியோடு ஆறேழு பேராகப் போகிறவர்களுக்கு இன்றும் வீட்டைத்தான் சொல்வேன். ஆனால் ஒரு நிபந்தனை: தினமும் பூங்கா வேண்டாம். ஒரு நாள் பூங்கா, ஒரு நாள் வீடு. அந்த வாரத்தில் நாங்கள் இரண்டு நாள் வீட்டிலேயே இருந்திருந்தால், மகள் மதியம் தூங்கியிருப்பாள், மாமனாரும் முழங்கால் வலி இல்லாமல் ஊர் திரும்பியிருப்பார்.

மகளுக்கு இப்போது நாலு வயது. மதியத் தூக்கம் நின்று ஆறு மாதம் ஆகிறது. இனி அவளுக்கும் டிக்கெட் உண்டு. ஸ்ட்ரோலரைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டோம். அடுத்த தடவை எங்கே தங்கலாம் என்று வீட்டுக்காரர் நேற்றுக் கேட்டார். கதவு வைத்த படுக்கையறை இருக்கிற இடமாகப் பாருங்கள் என்றேன்.