அம்மாவின் ஒற்றைக்கல் தோடு: கலரை விட்டு கட்டிங்கைப் பார்த்து வாங்கினோம்

மதுரை தெற்காவணி மூல வீதியில் ஒரு சின்ன நகைக்கடையில் அம்மாவுக்கு ஒரு ஜோடி ஒற்றைக்கல் வைரத்தோடு வாங்கி நான்கு மாதம் ஆகிறது. அப்பாவின் அறுபதாம் கல்யாணத்துக்காக அண்ணனும் நானும் பணம் போட்டு வாங்கியது. கல் ஒவ்வொன்றும் முப்பது சென்ட் (நூறு சென்ட் ஒரு கேரட்), எச் கலர் (டி-யில் தொடங்கும் நிற வரிசையில் ஐந்தாவது), விஎஸ்2 (உள்ளே சின்னக் குறை உள்ள சுத்தத் தரம்). இதைக் கேட்டதும் மதினியே, "இவ்வளவு செலவு பண்ணிட்டு கலர்ல ஏன் குறைச்சீங்க" என்று கேட்டார். ஆனால் கல்யாணத்தன்று மண்டபத்தில் நாலு வரிசை தள்ளி உட்கார்ந்திருந்த சித்தி என்னைக் கூப்பிட்டு, "உங்கம்மா காது என்னடி இப்படி டாலடிக்குது, எத்தனை கேரட்டு?" என்றார். இரண்டு கல்லும் சேர்த்து அறுபது சென்ட்தான் என்று சொன்னால் அவர் நம்பவில்லை.

கல் மின்னுவது கட்டிங்கால், அதாவது தீட்டிய விதத்தால் என்பதை நான் தெரிந்துகொண்டது ஒரு மோதிரத்தால். மூன்று வருடத்துக்கு முன்னால் வேறொரு கடையில் (பெயர் வேண்டாம்) முப்பது சென்ட் ஒற்றைக்கல் மோதிரம் வாங்கினேன். ஈ கலர், விவிஎஸ்1, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாலும் ஒரு புள்ளி தெரியாது என்று காட்டினார்கள், உண்மையிலேயே தெரியவில்லை. கடை விளக்கில் பளபளவென்று இருந்தது. வீட்டுக்கு வந்து ஜன்னல் பக்கத்தில் விரலை நீட்டிப் பார்த்தால் கல் செத்துக் கிடக்கிறது. நடுவில் கறுப்பாக ஒரு வட்டம், அதைச் சுற்றி சாம்பல் நிறத்தில் மங்கல். துடைத்துப் பார்த்தேன், கழுவிப் பார்த்தேன், அப்படியே இருந்தது. கல்லில் தோஷம் இல்லையா, காகபாதம் இல்லையா, கரும்புள்ளி இல்லையா என்றுதான் அம்மாச்சி காலத்தில் பார்ப்பார்கள், நானும் அதைத்தான் பார்த்தேன். சர்டிபிகேட்டில் பக்கவாட்டில் ஒரு கல் படம் போட்டு எண்கள் எழுதியிருந்ததை யாரும் எனக்கு வாசித்துக் காட்டவில்லை, நானும் கேட்கவில்லை.

இப்போது வாசிக்கத் தெரியும். அந்த மோதிரக் கல்லுக்கு கிரவுன் (மேல்பகுதி) சாய்வு 36 பாகை, பெவிலியன் (அடிக்கூம்பு) சாய்வு 41.8 பாகை, மொத்த ஆழம் அகலத்தில் 65.3 சதவீதம், கர்டில் (இடுப்பு விளிம்பு) தடிமன். கட்டிங் கிரேடு வெறும் 'குட்'. முப்பது சென்ட் என்று எடை காட்டினாலும் மேலிருந்து பார்க்கும் அகலம் 4.16 மில்லிமீட்டர்தான். எடையெல்லாம் அடிப்பக்கத்திலும் இடுப்பிலும் போய் உட்கார்ந்துகொண்டது.

இதை விளக்கியது தோடு வாங்கிய கடைக்காரர். நாற்பது வயது இருக்கும், அப்பாவுக்குப் பிறகு கடையைப் பார்க்கிறார். என்னை அக்கா என்றும் அம்மாவை அம்மா என்றும் கூப்பிட்டுக்கொண்டே ஒரு பழைய பில் தாளின் பின்னால் கல்லைக் குறுக்குவெட்டாக வரைந்தார். மேலே தட்டையான முகம் டேபிள். அதிலிருந்து சரிந்து இறங்குவது கிரவுன். இடுப்பு மாதிரி சுற்றி ஓடும் விளிம்பு கர்டில். அதற்குக் கீழே கூம்பாக முடிவது பெவிலியன். வட்டக் கல்லில் மேலே 33 பட்டை, கீழே 24 பட்டை, ஆக 57. கீழ் நுனியையும் தட்டி ஒரு பட்டை வைத்தால் 58. இத்தனை பட்டையும் மேலே இருந்து நுழைந்த வெளிச்சத்தைப் பின்பக்கத்தில் மோதவிட்டு மறுபடி மேலேயே, பார்க்கிறவர் கண்ணுக்கே திருப்பி அனுப்பத்தான். வைரத்துக்குள் போன வெளிச்சம் பின்சுவரில் நேராகப் படாமல் போதுமான அளவு சரிந்து பட்டால், அதாவது அந்தச் சுவருக்குச் செங்குத்தான கோட்டிலிருந்து 24.4 பாகைக்கு மேல் சரிந்து பட்டால், வெளியே போக வழியில்லாமல் முழுசாகத் திரும்பிவிடும். அந்தச் சரிவு கிடைக்கிறதா இல்லையா என்பது பெவிலியன் எந்தச் சாய்வில் தீட்டப்பட்டிருக்கிறது என்பதில் இருக்கிறது. கூம்பு ரொம்பச் செங்குத்தாக இறங்கினால் வெளிச்சம் முதல் சுவரில் திரும்பி எதிர்ச்சுவர் வழியாக ஒழுகிவிடும், நடு கறுத்துத் தெரியும், அதுதான் என் மோதிரம். ரொம்பத் தட்டையாக இருந்தால் கர்டிலே டேபிளுக்குள் பிரதிபலித்து, மீன் கண் மாதிரி ஒரு வெள்ளை வளையம் தெரியும்.

1919-இல் மார்செல் டோல்கோவ்ஸ்கி என்பவர் இதைக் கணக்குப் போட்டு எழுதினார். டேபிள் கல்லின் அகலத்தில் 53 சதவீதம், கிரவுன் 34.5 பாகை, பெவிலியன் 40.75 பாகை. நூறு வருடம் கழிந்தும் நல்ல கல் இந்த எண்களுக்குப் பக்கத்திலேயே சுற்றுகிறது, டேபிள் மட்டும் இப்போது கொஞ்சம் பெரிதாக வைக்கிறார்கள். டேபிள் 54 முதல் 58, ஆழம் 60 முதல் 62.5, கிரவுன் 34 முதல் 35, பெவிலியன் 40.6 முதல் 41, இதற்குள் இருந்தால் அந்தக் கல்லைக் கையில் எடுத்துப் பார்க்கலாம் என்பது நான் வைத்துக்கொண்ட அளவு. இதில் கிரவுனும் பெவிலியனும் ஜோடிக் காளை மாதிரி, ஒன்று ஏறினால் மற்றது இறங்கிக் கொடுக்க வேண்டும். பெவிலியன் 41 என்றால் கிரவுன் 34 நல்லது, பெவிலியன் 40.6 என்றால் கிரவுன் 35 வரை தாங்கும். இரண்டுமே உச்சத்தில் இருந்தால் வேண்டாம்.

சர்டிபிகேட்டில் கட்டிங்குக்கு உச்ச கிரேடான 'எக்ஸலண்ட்' என்று போட்டிருந்தால் போதாதா என்று நானும் கேட்டேன். வைரத்துக்குச் சர்டிபிகேட் தரும் அமெரிக்க நிறுவனமான ஜிஐஏ 2006-இலிருந்து வட்டக் கல்லுக்குக் கட்டிங் கிரேடு கொடுக்கிறது. அந்த எக்ஸலண்டுக்குள் கிரவுன் 31.5-லிருந்து 36.5 வரையும் பெவிலியன் 40.6-லிருந்து 41.8 வரையும் இடம் இருக்கிறது, அதிலும் கிரவுனை அரை பாகைக்கும் பெவிலியனை 0.2 பாகைக்கும் முழுமையாக்கித்தான் எழுதுகிறார்கள். அதனால் எக்ஸலண்ட் என்பது உள்ளே வரும் வாசல்தான், உள்ளே வந்தவர்களில் யார் என்று எண்களை வைத்தும் கண்ணை வைத்தும் பார்க்க வேண்டும். ஓவல், பியர், குஷன் மாதிரி வடிவங்கள் எடுக்கிறவர்கள் வட்டக் கல்லின் எண்களை அப்படியே போட்டுப் பார்க்காதீர்கள், அவற்றுக்கு இது பொருந்தாது.

நல்ல கட்டிங் என்று தெரிந்தும் ஏன் எல்லாக் கல்லையும் அப்படித் தீட்டுவதில்லை? எடைதான் காரணம். முப்பது, ஐம்பது, நூறு சென்ட் என்று தொட்டவுடன் விலை ஒரு படி ஏறிவிடும். சூரத்தில் தீட்டுகிறவர் கையில் இருக்கும் முரட்டுக் கல்லைச் சரியான சாய்வில் தீட்டினால் 27 சென்ட் வரும், கர்டிலைத் தடித்து, அடியை ஆழமாக விட்டால் 30 வரும் என்றால் அவர் எதைச் செய்வார்? அந்த மூன்று சென்டுக்கு நாம் காசு கொடுக்கிறோம், அது நம் கண்ணுக்கே தெரியாத இடத்தில் இருக்கிறது.

சரி, கடைக்கு வருகிறேன். முதல் நாள் அவரிடம் முப்பது சென்டில் ஐந்தாறு கல்தான் இருந்தன, ஜோடி சேரவில்லை. ஒரு கல் பெரிதாகத் தெரிந்தது, 4.45 மில்லிமீட்டர், அம்மாவுக்கு உடனே பிடித்துவிட்டது. அவர் அதை இடுக்கியில் பிடித்து லேசாகச் சாய்த்துக் காட்டினார். டேபிளுக்குள் வெள்ளையாக ஒரு வளையம் எழுந்து வந்தது. டேபிள் 63, ஆழம் 55.8. "அகலம் இருக்கும்மா, ஆனா காதுல ஆடும்போதெல்லாம் இந்த வளையந்தான் தெரியும்" என்றார். விற்க வேண்டியவரே கல்லின் குறையைச் சொன்னார், அங்கேயே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. பன்னிரண்டு நாள் டைம் கேட்டு வேறு கற்கள் வரவழைத்தார்.

இரண்டாம் முறை போனபோது வெள்ளைத் தாளை மடித்து அதன் பள்ளத்தில் நான்கு கல் வைத்தார். மேலே இருந்த ஸ்பாட் லைட்டை அணைத்துவிட்டார். இதைக் கட்டாயம் கேளுங்கள், அந்த விளக்குக்குக் கீழே கண்ணாடித் துண்டும் மின்னும். அப்புறம் தாளோடு கடை வாசலுக்கு வந்தோம், வெயிலில் இல்லை, நிழலில். அங்கே மூன்று கல்லில் வெள்ளை வெளிச்சமும் கறுப்புக் கீற்றும் மாறி மாறி வெட்டிக்கொண்டே இருந்தன, தாளைக் கொஞ்சம் அசைத்தால் சிவப்பும் நீலமுமாகச் சின்னத் தெறிப்பு. நாலாவது கல் ஒரே வெளுப்பாக இருந்தது, அது எஃப் கலர், நான்கிலும் விலை கூடியது. எங்கள் எச் கலர் கல் அதன் பக்கத்தில் மஞ்சளாகத் தெரிகிறதா என்று அம்மா இரண்டு மூன்று தடவை குனிந்து பார்த்தார். தெரியவில்லை. கல்லைக் கவிழ்த்து வைத்து அடிப்பக்கத்தைப் பார்த்தால் லேசாகத் தெரியும், தங்கத்தில் கட்டிக் காதில் போட்டபின் அதை யார் பார்க்கப் போகிறார்கள்.

எடுத்த இரண்டில் ஒன்று டேபிள் 56, மற்றது 57. இரண்டுக்கும் கிரவுன் 34.5, பெவிலியன் 40.8, ஆழம் 61.5-ஐ ஒட்டி. அகலம் 4.32, 4.34. மோதிரக் கல்லையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், அதே முப்பது சென்ட், ஆனால் முகப்பரப்பு எட்டு சதவீதம் போலக் குறைவு, கண்ணுக்கே தெரிகிறது. தோட்டுக்கு ஜோடி பார்க்கும்போது எடை ஒன்றாக இருப்பதைவிட அகலமும் சாய்வும் ஒன்றாக இருப்பது முக்கியம், இல்லையென்றால் ஒரு காது மின்னும், ஒரு காது தூங்கும். லூப் என்கிற பூதக்கண்ணாடியில் கர்டிலில் பொறித்த நம்பரைக் காட்டி சர்டிபிகேட்டோடு சரிபார்க்கச் சொன்னார், தங்கத்தில் ஹால்மார்க் நம்பரான ஆறு எழுத்து எச்யூஐடியையும் காட்டினார்.

கல் கட்டுவதில் அம்மாவுக்கும் எனக்கும் வாக்குவாதம். அம்மாச்சியின் ஏழுகல் தோடு மாதிரி பின்னால் மூடிக் கட்ட வேண்டும் என்று அவர். நல்ல கட்டிங் கல்லுக்கு வெளிச்சம் மேலிருந்துதான் வருகிறது, மேலேதான் போகிறது, ஆகவே மூடிக் கட்டினாலும் மின்னும், அதில் அம்மா சொன்னது சரிதான். ஆனால் வைரத்துக்கு எண்ணெய் என்றால் ஒட்டிக்கொள்ளும் குணம். சனிக்கிழமை தவறாமல் நல்லெண்ணெய் தேய்த்துக் குளிக்கிற அம்மாவுக்கு, பெவிலியனில் எண்ணெயும் சீயக்காயும் படிந்து உட்கார்ந்தால், திரும்ப வேண்டிய வெளிச்சம் அந்தப் படலம் வழியாகவே ஒழுகிவிடும். மூடிய கட்டுக்குள் இடுக்கு வழியாகப் போனதைக் கழுவவும் முடியாது. கடைசியில் திறந்த கட்டு, திருகாணி மட்டும் பழைய மாதிரி. கட்டிய ஆசாரி கை சுத்தம், நான்கு முனையும் ஒரே அளவு, கர்டிலை எங்கும் அழுத்தவில்லை. வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திர சோப்பு இரண்டு சொட்டு விட்டு, பழைய பிரஷ்ஷால் பின்பக்கம் தேய்த்தால் போதும், வாரம் ஒரு முறை அம்மாவே செய்கிறார்.

குறைகளும் உண்டு. இருப்பு குறைவு, அவசரத்துக்கு வாங்கப் போகிறவர்களுக்கு இந்தக் கடை ஒத்துவராது. முகூர்த்த மாதத்தில் அந்த வீதியில் வண்டி நிறுத்த இடமே கிடையாது, நாங்கள் ஆட்டோவில்தான் போனோம். திரும்ப எடுத்துக்கொள்ளும் விலை பற்றி வாயால் சொன்னதை பில்லில் எழுதச் சொல்லி நான் இரண்டு முறை கேட்க வேண்டியிருந்தது, எழுதிக் கொடுத்தார், ஆனால் கேட்காமலே எழுதியிருக்க வேண்டும். செய்கூலியும் பெரிய கடைகளைவிடக் குறைவு என்று சொல்ல முடியாது.

போன வாரம் அண்ணன் மகளுக்கு மூக்குத்தி எடுக்க மறுபடி போனோம். ஐந்து சென்ட் கல், குறுக்கே 2.4 மில்லிமீட்டர் இருந்தால் அதிகம், அதற்கெல்லாம் தனி சர்டிபிகேட் வராது, சாய்வு எண் எதுவும் கிடைக்காது. இந்தத் தடவை நான் சொல்வதற்கு முன்பே அவர் விளக்கை அணைத்துவிட்டு ஏழு கல்லைத் தாளில் கொட்டினார். பிள்ளை தாளை வாங்கிக்கொண்டு நேராக வாசலுக்குப் போய், மூன்றை விரலால் ஒதுக்கித் தள்ளி, "அத்தை, இதுல நடு கறுப்பா இருக்கு" என்றாள். மிச்சம் நான்கில் ஒன்றை எடுத்தோம்.