மெஜென்டோ 1 கடையை எங்கே மாற்றுவது: மெஜென்டோ 2, ஓப்பன்மேஜ், ஷாப்பிஃபை ஓர் ஒப்பீடு

மெஜென்டோ என்பது ஆன்லைன் கடை நடத்துவதற்கான மென்பொருள். அதன் முதல் பதிப்பான மெஜென்டோ 1-இல் கடை நடத்தியவர்களுக்கு 2020 ஜூன் 30 கடைசிக் கெடு. அன்றோடு அடோபி நிறுவனம் அந்தப் பதிப்புக்குப் பாதுகாப்புப் பேட்ச் (ஓட்டைகளை அடைக்கும் திருத்தம்) வெளியிடுவதை நிறுத்திவிட்டது. மறுநாளும் கடைகள் வழக்கம்போல இயங்கின, ஆர்டர்களும் வந்தன. அதனாலேயே பலர் முடிவைத் தள்ளிப்போட்டார்கள், இன்றும் தள்ளிப்போட்டுக்கொண்டிருப்பவர்கள் உண்டு. ஈரோடு வட்டாரத்தில் படுக்கை விரிப்பு, துண்டு, ஜமக்காளம் விற்கும் எங்கள் குடும்பக் கடையின் தளத்தைப் பராமரிப்பவன் என்ற முறையில், எங்கள் முன் இருந்த மூன்று வழிகளை இங்கே ஒப்பிடுகிறேன். நாங்கள் தேர்ந்தெடுத்தது மெஜென்டோ 2. என் சாய்வு அந்தப் பக்கம்தான் என்பதையும், அதற்கான காரணம் பெரும்பாலும் பராமரிப்பு என்ற ஒரே விஷயத்தில் அடங்கியிருக்கிறது என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பேட்ச் இல்லாத பழைய பதிப்பிலேயே தொடர்வதை ஒரு வழியாக நான் கணக்கில் எடுக்கவில்லை. ஆதரவு நின்று மூன்று மாதம் ஆவதற்குள், 2020 செப்டம்பரில், ஒரே வார இறுதியில் ஏறத்தாழ 2,000 மெஜென்டோ கடைகளில் அட்டை விவரங்களைத் திருடும் நிரல் புகுத்தப்பட்டதாகவும், அவற்றில் பெரும்பாலானவை மெஜென்டோ 1 கடைகள் என்றும் சான்செக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அறிவித்தது. "அட்டை எண் எங்கள் சர்வருக்கு வருவதே இல்லை, பேமென்ட் கேட்வேயின் பக்கத்தில்தான் வாடிக்கையாளர் அதை நிரப்புகிறார்" என்று இதற்குப் பதில் சொல்பவர்கள் பலர். ஆனால் புகுத்தப்பட்ட நிரல், கேட்வேக்குப் போவதற்கு முன்பே, நம் செக்அவுட் பக்கத்திலேயே ஒரு போலிப் படிவத்தைக் காட்டி எண்ணை வாங்கிக்கொள்ள முடியும் என்பதால் அந்தப் பதில் நிற்காது.

முதல் வழி ஓப்பன்மேஜ். மெஜென்டோ 1.9-இன் திறந்த மூலநிரலை எடுத்து, தன்னார்வ டெவலப்பர்கள் தொடர்ந்து பராமரித்து வரும் கிளை அது. பாதுகாப்புத் திருத்தங்கள் வருகின்றன, மெஜென்டோ எழுதப்பட்ட நிரல்மொழியான பி.எச்.பி.யின் 8 வரிசையிலும் இயங்குகிறது, தீம் எனப்படும் பழைய தோற்ற வடிவமைப்பையும் பெரும்பாலான நீட்சிகளையும் (கூடுதல் வசதிக்கான துணை நிரல்கள்) அப்படியே வைத்துக்கொள்ளலாம், தரவை எங்கும் நகர்த்த வேண்டியதில்லை. மாற்றத்துக்கு ஆகும் செலவை மட்டும் பார்த்தால் இதற்கு ஈடு வேறில்லை. ஆனால் சோதனைச் சர்வரில் இதை ஏற்றிப் பார்த்தபோது எனக்குத் தெளிவான விஷயம் ஒன்று உண்டு: கிளையைப் பராமரிப்பவர்கள் பராமரிப்பது மூலநிரலைத்தான், நாம் அதன்மேல் ஏற்றி வைத்திருக்கும் நீட்சிகளை அல்ல. அந்த நீட்சிகளை விற்ற நிறுவனங்களில் பெரும்பாலானவை மெஜென்டோ 1-ஐக் கைவிட்டுவிட்டன. கேட்வேயோ கூரியர் நிறுவனமோ தன் இணைப்பு முறையை மாற்றினால், மெஜென்டோ 1-க்கான புதிய நீட்சியை அவர்கள் தரப்போவதில்லை. அதை எழுத ஆள் தேட வேண்டும். மெஜென்டோ 1 தெரிந்த டெவலப்பர்களோ வருடாவருடம் குறைந்துகொண்டே வருகிறார்கள். சொந்தமாக நல்ல டெவலப்பர் வைத்திருக்கும் கடைக்கு ஓப்பன்மேஜ் மதிப்பான வழி. எங்களுக்கு அது முடிவைத் தள்ளிப்போடும் வழியாக மட்டுமே பட்டது.

இரண்டாவது வழி ஷாப்பிஃபை, மாதச் சந்தா கட்டி அவர்கள் சர்வரிலேயே கடை நடத்தும் சேவை. அதில் எனக்கு அனுபவம் குறைவு. உறவினர் ஒருவரின் சிறிய கடையை அதில் அமைத்துக் கொடுத்து, சில காலம் கவனித்துக்கொண்டதோடு சரி. ஆயிரக்கணக்கான பொருள்களோடு அதை நான் நடத்தியதில்லை. சர்வர், பேட்ச், பி.எச்.பி. பதிப்பு என்று எதைப் பற்றியும் கவலைப்பட வேண்டியதில்லை என்பதே அதன் தலையாய பலம், அந்தப் பலத்தைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. எங்களைத் தடுத்தவை வேறு சில. ஷாப்பிஃபையின் சொந்தப் பேமென்ட் சேவை இந்தியாவில் இல்லாததால் வேறு கேட்வேயைத்தான் இணைக்க வேண்டும். அப்படி இணைத்தால் அடிப்படைத் திட்டத்தில் ஒவ்வொரு விற்பனைக்கும் 2 சதவீதம் ஷாப்பிஃபைக்குப் போகும். மாதம் 10 லட்சம் ரூபாய் ஆன்லைனில் வசூலாகும் கடைக்கு இது 20,000 ரூபாய். கேட்வேயின் கட்டணம் இதற்கு மேல் தனி. உயர்ந்த திட்டங்களில் இந்த விகிதம் குறையும், மாதச் சந்தா கூடும். சிறிய கடைக்கு இந்தத் தொகை ஒரு மெஜென்டோ சர்வருக்கும் டெவலப்பருக்கும் ஆகும் செலவைவிடக் குறைவாகவே இருக்கும் என்பதால், உறவினரின் கடையை அங்கேயே வைத்திருக்கச் சொன்னேன். எங்கள் நிலை வேறு. மொத்த வியாபாரிகளுக்கு ஒரு விலை, சில்லறைக்கு ஒரு விலை, எண்ணிக்கைக்கு ஏற்ப இன்னொரு விலை என்பது எங்கள் தொழிலின் அடிப்படை. மெஜென்டோவில் வாடிக்கையாளர் குழுவும் அடுக்கு விலையும் கூடவே வருகின்றன. ஒரு பொருளுக்கு மூன்று தெரிவுகளுக்கு மேல் வைக்க முடியாது என்ற ஷாப்பிஃபையின் வரம்பும் இடித்தது: அளவு, நிறம், நெசவு வகை என்று சொல்லி முடித்ததுமே, தலையணை உறை வேண்டுமா வேண்டாமா என்ற நான்காவது தெரிவு வந்துவிடுகிறது.

பக்க முகவரிகளின் கதையும் அதே. ஷாப்பிஃபையில் பொருள்களின் முகவரி எப்படித் தொடங்க வேண்டும் என்பது நிலையானது, அதை மாற்ற முடியாது. எனவே பழைய முகவரிகள் ஒவ்வொன்றையும் புதியதற்குத் திருப்பிவிடும் பட்டியலைத் தயாரித்து ஏற்ற வேண்டும். மெஜென்டோ 2-இல் பழைய முகவரிகளை அப்படியே காப்பாற்றலாம். கடவுச்சொல்லும் அப்படித்தான்: மெஜென்டோ 1-இன் குறியாக்கத்தை மெஜென்டோ 2 புரிந்துகொள்வதால் பழைய வாடிக்கையாளர் பழைய கடவுச்சொல்லிலேயே உள்ளே வரலாம். ஷாப்பிஃபைக்குக் கடவுச்சொற்களை எடுத்துச் செல்ல முடியாது, ஆனால் அதன் புதிய வகைக் கணக்குகளில் மின்னஞ்சலுக்கு வரும் ஒருமுறைக் குறியீடே போதும் என்பதால் இதை ஒரு பெரிய குறையாக நான் கருதவில்லை.

இனி மெஜென்டோ 2. பெயரில் 1, 2 என்று இருந்தாலும் இதைப் பதிப்பு உயர்வு என்று நினைத்து இறங்கக் கூடாது. 2015 நவம்பரில் வெளியான மெஜென்டோ 2 ஏறக்குறைய புதிதாக எழுதப்பட்ட மென்பொருள். பழைய தீம், நீட்சிகள், நாம் எழுதிய நிரல் எதுவும் அதில் ஓடாது. இடம்பெயர்வது தரவு மட்டுமே. அதற்கென்று தரப்படும் தரவு நகர்த்தும் கருவி மூன்று கட்டமாக வேலை செய்கிறது: முதலில் கடை அமைப்புகள், அடுத்து பொருள், வாடிக்கையாளர், ஆர்டர் முதலிய தரவுகள், கடைசியாக இடைப்பட்ட காலத்தில் பழைய கடையில் சேர்ந்த புதிய ஆர்டர்கள். இந்த மூன்றாவது கட்டம் இருப்பதால்தான் பழைய கடையை மூடாமலேயே புதிய கடையைத் தயார் செய்ய முடிகிறது.

கருவியை முதன்முதலாக இயக்கும்போது, புதிய கடையில் எதோடும் பொருத்தப்படாத பழைய தரவு அட்டவணைகள் என்று ஒரு நீண்ட பட்டியலைக் காட்டிவிட்டு அது நின்றுவிடும். பார்ப்பதற்கு மலைப்பாக இருந்தாலும் எனக்கு இந்த வேலை முழுவதிலும் மிகவும் பயன்பட்டது அந்தப் பட்டியல்தான். மெஜென்டோ 1 காலத்தில் யாரோ நிறுவி, யாரோ நீக்கியதாக நினைத்த நீட்சிகள் தரவுத்தளத்தில் விட்டுப்போன அட்டவணைகள் அனைத்தும் அங்கே வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றையும் நகர்த்துவதா, விடுவதா என்று பொருத்தக் கோப்பில் நாம்தான் எழுதித் தர வேண்டும். பழைய கடையின் குறியாக்கச் சாவியை (ரகசியத் தரவைப் பூட்டித் திறப்பது) கருவியின் அமைப்பில் கொடுக்க வேண்டும் என்பதையும், படங்களின் கோப்புறையைக் கையால் நகலெடுக்க வேண்டும் என்பதையும், நிர்வாகிகளின் கணக்குகள் நகராது என்பதையும் மறக்கக் கூடாது. ஒரே முகவரியை இரண்டு பொருள்களுக்குக் கொடுத்திருந்தால் கருவி அதையும் சுட்டிக்காட்டி நிற்கும். தானாகத் தீர்த்துக்கொள்ளச் சொல்லும் வசதி உண்டு, ஆனால் அது முகவரியின் ஓரத்தில் எதையாவது ஒட்டிவிடும் என்பதால் கையால் தீர்ப்பதே நல்லது.

இதெல்லாம் ஒருமுறை செய்து முடிக்கும் வேலை. தளத்தைத் தேர்ந்தெடுக்கும்போது பார்க்க வேண்டியது அதற்குப் பிறகு வருடாவருடம் என்ன செய்ய வேண்டியிருக்கும் என்பதைத்தான். மெஜென்டோ 2-இன் 2.4.4 முதலான ஒவ்வொரு வெளியீட்டுக்கும் ஏறத்தாழ மூன்றாண்டு ஆதரவே உண்டு. இடையில் ஆண்டுக்குப் பல பாதுகாப்பு வெளியீடுகள் வருகின்றன. 2020-இல் வந்த 2.4.0 எலாஸ்டிக்சர்ச் என்ற தேடல் மென்பொருளைக் கட்டாயமாக்கியது. 2022-இல் வந்த 2.4.4 பி.எச்.பி. 8.1-ஐக் கொண்டுவந்தது; 7.4-க்கு எழுதப்பட்ட நீட்சிகளில் கணிசமானவை அன்று நின்றுபோயின. மூலநிரலை உயர்த்துவது இந்த ஒவ்வொரு கட்டத்திலும் எளிதாகவே இருந்தது. நீட்சிகள்தான் தடுத்தன. ஆகவே மெஜென்டோ 2 கடையின் பராமரிப்புச் செலவைத் தீர்மானிப்பது, கடையின் அளவைவிட அதில் எத்தனை வெளி நீட்சிகள் இருக்கின்றன என்பதே என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

இதில் பழைய பதிப்புக்கும் புதியதற்கும் உள்ள வேறுபாடு ஆழமானது. மெஜென்டோ 1-இல் நீட்சி என்பது ஒரு சுருக்கக் கோப்பு. பிரித்து, கோப்புறைகளின் மேல் கொட்டிவிட வேண்டும். எந்தக் கோப்பு எந்த நீட்சியுடையது என்று பின்னால் யாருக்கும் தெரியாது. இரண்டு நீட்சிகள் ஒரே வகுப்பை (நிரல் பகுதியை) தம் வசதிக்கு மாற்றி எழுதினால் ஒன்றுதான் நிற்கும், மற்றது சத்தமில்லாமல் செயலிழக்கும். மெஜென்டோ 2-இல் நீட்சிகள் ஒரு செயல்பாட்டின் முன்னும் பின்னும் தம் நிரலைக் கோத்துக்கொள்ளலாம், அதனால் இத்தகைய மோதல் வெகுவாகக் குறைகிறது. அதைவிட முக்கியம், நீட்சிகளை நிறுவி நிர்வகிக்கும் கருவியான கம்போசர். ஒவ்வொரு நீட்சியும் தான் எந்த மெஜென்டோவோடு, எந்தப் பி.எச்.பி.யோடு ஓடும் என்று தன் கோப்பில் எழுதி வைத்திருக்கும். பதிப்பை உயர்த்த முயலும்போது பொருந்தாத நீட்சியின் பெயரைச் சொல்லிக் கம்போசர் மறுத்துவிடும். கடை உடைந்த பிறகு காரணத்தைத் தேடுவதற்கும், உடையும் முன்பே பெயரோடு காரணம் தெரிவதற்கும் இடையிலான தூரம்தான் எங்களை இந்தப் பக்கம் இழுத்தது. கம்போசர் வழியாக வராமல், பழைய பழக்கத்தில் கோப்புறையில் நேரடியாகக் கொட்டிய நீட்சிக்கு இந்தக் காவல் முழுமையாகக் கிடைக்காது. எனவே அப்படி மட்டுமே தருகிறோம் என்ற விற்பனையாளரிடம் நாங்கள் எதையும் வாங்குவதில்லை.

மாறும்போது எங்கள் பழைய நீட்சிகள் ஒவ்வொன்றையும் எடுத்து வைத்து, இது இல்லாமல் கடை நடக்காதா என்று கேட்டோம். பெரும்பாலானவை தேவைப்படவில்லை. பல கிடங்குகளின் இருப்பைத் தனித்தனியே காட்டும் வசதி 2.3-இலேயே வந்துவிட்டது. முகப்புப் பக்கத்தின் படவரிசைக்காக வைத்திருந்த நீட்சிக்கு, 2.4.3-இலிருந்து இலவசப் பதிப்பிலும் கிடைக்கும் பேஜ் பில்டர் என்ற பக்க வடிவமைப்பு வசதி ஈடுகொடுத்தது. கேட்வே, பின்கோடு சோதனை, கூரியர் இணைப்பு ஆகியவை மிஞ்சின. நாங்களே எழுதிய சிறிய நீட்சி ஒன்றும் உண்டு: 2025 செப்டம்பர் 22-லிருந்து படுக்கை விரிப்பின் விற்பனை விலை 2,500 ரூபாயைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. 5 சதவீதத்திலிருந்து 18 ஆகிறது. மெஜென்டோவின் வரி விதிகளோ பொருளின் வரிவகுப்பைப் பார்க்குமே தவிர விலையைப் பார்க்காது. விலையைச் சேமிக்கும்போதே வரிவகுப்பை மாற்றிவிடும் அந்தச் சில வரி நிரலைப் பராமரிப்பது எனக்குப் பாரமாக இல்லை.

தீம் தேர்விலும் இதே கணக்கைத்தான் பார்த்தோம். கூடவே வரும் லூமா தீம் மொபைலில் கனமானது. ஹைவா என்ற வேறொரு தீம் இலகுவானது, வேகமும் கண்கூடு. ஆனால் லூமாவுக்கு எழுதப்பட்ட நீட்சிகள் ஹைவாவில் ஓட, தனிப் பொருத்த நிரல் வேண்டும். நீட்சிகள் குறைவாக இருந்ததால்தான் ஹைவாவுக்குப் போவது எங்களுக்குக் கட்டுப்படியானது.

மெஜென்டோ 2-க்கு மாறினால் பாதுகாப்புக் கவலை தீர்ந்தது என்று நான் சொல்ல வரவில்லை. 2024 ஜூனில் வெளியான காஸ்மிக்ஸ்டிங் என்ற பாதுகாப்பு ஓட்டையின் தீவிரம் பத்துக்கு 9.8, மெஜென்டோ 2 கடைகளின் குறியாக்கச் சாவியையே அதன் வழியாகத் திருடினார்கள், பேட்ச் போட்ட பிறகு சாவியையும் மாற்றியாக வேண்டியிருந்தது. இத்தகைய அறிவிப்பு வந்த அன்றே பேட்சைப் போட ஆள் இல்லாத கடை, எவ்வளவு பெரியதாக இருந்தாலும், மெஜென்டோ 2-ஐத் தொடாமல் ஷாப்பிஃபைக்குப் போவதே நல்லது.

இன்னும் மெஜென்டோ 1.9-இல் இருப்பவர்கள், தீபாவளி வியாபாரம் நெருங்கும் நேரத்தில் எதையும் நகர்த்த வேண்டாம். அதுவரைக்கும் பேட்ச் இல்லாமல் இருப்பதற்குப் பதிலாக இப்போதே ஓப்பன்மேஜுக்கு மாறிவிட்டு, பொங்கல் கழிந்த பிறகு மெஜென்டோ 2 வேலையைத் தொடங்கலாம். ஓப்பன்மேஜின் தரவுத்தளம் 1.9-ஐ ஒட்டியே இருப்பதால் அங்கிருந்தும் கருவியை இயக்க முடியும் என்றே கருதுகிறேன். ஆனால் அந்த வழியில் நான் போனதில்லை என்பதால், சில வேறுபாடுகளைப் பொருத்தக் கோப்பில் எழுத வேண்டிவரும் என்று எதிர்பார்த்து, முதலில் நகல் தரவுத்தளத்தில் இயக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள்.