கேட் தேர்வுக்கு ஆன்லைன் தொகுப்பு: மார்த்தாண்டத்தில் ஒரு வருடம் பயன்படுத்திய அனுபவம்

வேலைக்குப் போய்க்கொண்டே, ஐஐஎம் எனும் மேலாண்மைக் கல்வி நிறுவனங்களில் எம்பிஏ சேர்வதற்கான கேட் (CAT) நுழைவுத் தேர்வுக்குப் படிக்க, ஒரு ஆன்லைன் தொகுப்பை வாங்கி ஜனவரியிலிருந்து நவம்பர் வரை பயன்படுத்தினேன். வீடியோ வகுப்பு, பாடப் புத்தகம், மாதிரித் தேர்வு மூன்றும் சேர்ந்தது. திருவனந்தபுரத்தில் நேரடி வகுப்பு இருக்கிறது, மார்த்தாண்டத்திலிருந்து தூரமும் இல்லை. ஆனால் களியக்காவிளை தாண்டி பாலராமபுரம், நேமம் என்று நெரிசலில் ஊர்ந்து போய்த் திரும்புவதற்குள் ஞாயிற்றுக்கிழமை போய்விடும்.

வீடியோ வகுப்புகளுக்குக் கொடுத்த பணம் வீண் என்றே சொல்வேன். கணக்குப் பகுதி பெரும்பாலும் பள்ளிக்கூடக் கணக்குதான். சதவீதம், விகிதம், வேகம்-தூரம், கொஞ்சம் இயற்கணிதம். புத்தகத்தை வைத்துப் போட்டுப் பார்த்தாலே வந்துவிடும். பாதிக்கு மேல் நான் வீடியோவைத் திறக்கவே இல்லை.

மாதிரித் தேர்வு வேறு கதை. அசல் தேர்வு 120 நிமிடம். ஆங்கில வாசிப்பு, தரவு-தர்க்கம், கணக்கு என மூன்று பகுதிகள், ஒவ்வொன்றுக்கும் 40 நிமிடம். நேரம் முடியாமல் அடுத்த பகுதிக்குத் தாவ முடியாது, முடிந்த பகுதிக்குத் திரும்பவும் முடியாது. சரியான விடைக்கு 3 மதிப்பெண்; நான்கில் ஒன்றைத் தெரிவு செய்யும் வினாவில் தவறினால் 1 போகும்; விடையை நாமே உள்ளிடும் வினாவுக்கு அந்தக் கழிவு இல்லை. இந்தக் கட்டுப்பாட்டுக்குள் உட்கார்ந்து பழகாமல் எவ்வளவு படித்தும் பிரயோசனம் இல்லை.

குறிப்பாகத் தரவு-தர்க்கம். ஒரு அட்டவணை அல்லது புதிர், அதன் கீழே நாலைந்து கேள்விகள் என்று தொகுதி தொகுதியாக வரும். எல்லாவற்றையும் போட நினைத்தால் எதுவும் முடியாது. முதல் சில நிமிடங்களில் எல்லாத் தொகுதிகளையும் மேலோட்டமாகப் படித்து, எதை விடுவது என்று முடிவு செய்ய வேண்டும். இரண்டு, மூன்று தொகுதிகளை முழுசாக முடித்தாலே தரவரிசையில் நல்ல இடம் கிடைக்கும். இந்தத் தொகுப்பில் எந்தக் கேள்வியில் எவ்வளவு நேரம் செலவழித்தோம் என்று காட்டும் பக்கம் ஒன்று உண்டு. எனக்கு மதிப்பெண்ணைவிட அதுதான் உதவியது. விடவேண்டிய புதிரில் கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தது கண்ணெதிரே தெரியும்.

குறை என்றால், இணையம் போனாலும் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். நம் குமரி மாவட்டத்தில் ஐப்பசி, கார்த்திகை மழை எப்படி என்று சொல்ல வேண்டியதில்லை. ரப்பர் மரக்கிளை கம்பியில் விழுந்தால் கரண்ட் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. முழுத் தேர்வு எழுத வேண்டியதும் சரியாக அந்த மாதங்களில்தான், நவம்பர் கடைசியில் அல்லவா தேர்வு! வாடிக்கையாளர் சேவையில் கேட்டால், மறுபடி எழுத அனுமதி இல்லை என்று ஒரே பதில். அப்புறம் மடிக்கணினியை முழுசாகச் சார்ஜ் செய்து, போன் டேட்டாவில் எழுதினேன். இடையில் மைனி கட்டன்சாயாவோடு கதவைத் தட்டுவதையும் நிறுத்தச் சொன்னேன். கோபம் வரத்தான் செய்தது.

ஆங்கில வாசிப்புக்கு எந்தத் தொகுப்பும் பெரிதாக உதவாது. தினமும் ஆங்கிலத்தில் நீண்ட கட்டுரை படிப்பதுதான் வழி.

வாங்குபவர்கள் மாதிரித் தேர்வு மட்டும் உள்ள தொகுப்பைக் கேட்டு வாங்குங்கள், விலை பாதிகூட ஆகாது. கேட் இணையதளத்தில் தேர்வுக்கு முன் இலவச மாதிரித் தேர்வு வரும், அதையும் எழுதிவிடுங்கள். அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் எம்பிஏ நுழைவுத் தேர்வான டான்செட் எழுதுவதாக இருந்தால் இதே கணக்குப் பயிற்சி அதற்கும் ஆகும்.