இரண்டேகால் அடி அகலத் தண்டவாளம்: வேல்ஸின் தாலிலின் ரயில்வேக்குப் போய்வந்தேன்

பொன்மலைப் பணிமனையில் பாய்லர் பிரிவில் 34 வருஷம் வேலை பார்த்தவன் நான். நீலகிரி மலை ரயிலின் எக்ஸ் கிளாஸ் நீராவி இன்ஜின்கள் பி.ஓ.எச். என்ற பருவகாலப் பழுதுபார்ப்புக்கு எங்களிடம்தான் வரும். ஓய்வு பெற்ற பிறகு முதல் தடவையாக பர்மிங்காமில் இருக்கும் மகள் வீட்டுக்கு வந்திருக்கிறேன். “அப்பா, எங்கே போகணும் சொல்லுங்க, கூட்டிட்டுப் போறேன்” என்றாள். யோசிக்கவே இல்லை, தாலிலின் என்றேன். எனக்கு வேலை கற்றுக்கொடுத்த மேஸ்திரி, சம்பளம் வாங்காத ஆட்களே ஒரு ரயிலை ஓட்டுகிறார்கள் என்று பல வருஷத்துக்கு முன்னால் சொன்ன பெயர் அது. அப்போது நான் நம்பவில்லை.

முதலில் பெயர். வேல்ஸ் மொழியில் ஆங்கில ‘எல்’ எழுத்து இரண்டு சேர்ந்து வந்தால் அது நம் ‘ல்’ இல்லை. நாக்கை ‘ல்’ சொல்லும் இடத்திலேயே வைத்துக்கொண்டு இரண்டு பக்கமும் காற்றை ஊத வேண்டும். நம் ‘ழ’ வெளியூர்க்காரர்களைப் படுத்துவது போல இது மற்றவர்களைப் படுத்துகிறது. டிக்கெட் கொடுத்த பெரியவர் பொறுமையாக மூன்று தடவை சொல்லிக் காட்டினார். நான் பதிலுக்கு ‘பழம்’ சொல்லிக் கொடுத்தேன். இனி தாலிலின் என்றே எழுதுகிறேன்.

பர்மிங்காமிலிருந்து ஷ்ரூஸ்பரி, மக்கின்லெத் வழியாக ரயிலில் சுமார் மூன்று மணி நேரம். மக்கின்லெத்தில் ரயில் இரண்டாகப் பிரியும், ஒரு பாதி அபெரிஸ்ட்வித் போகும், இன்னொரு பாதி கடற்கரையோரமாக வடக்கே போகும். ஏறும்போதே கேட்டுச் சரியான பெட்டியில் உட்காருங்கள். டவின் நிலையத்தில் இறங்கி ஐந்து நிமிஷம் நடந்தால் சின்ன ரயிலின் வார்ஃப் நிலையம். கடல் காற்றோடு நிலக்கரிப் புகை வாசம் வந்ததும் மகளின் கையை விட்டுவிட்டு முன்னால் நடந்துவிட்டேன்.

தண்டவாள அகலம் 2 அடி 3 அங்குலம், அதாவது 686 மில்லிமீட்டர். மீட்டர் கேஜிலேயே வாழ்ந்த எனக்கே இது விளையாட்டுச் சாமான் போலத்தான் முதலில் தெரிந்தது. பக்கத்தில் போனதும் அந்த நினைப்பு போய்விட்டது. அன்று வண்டியில் பூட்டியிருந்தது 4-ஆம் எண், எட்வர்ட் தாமஸ். கெர் ஸ்டுவர்ட் கம்பெனி 1921-ல் கட்டிய டேங்க் இன்ஜின். சேஃப்டி வால்வ் லேசாக முனகிக்கொண்டிருந்தது, கேஜ் கிளாஸில் தண்ணீர் முக்கால் அளவில் நின்றது, பித்தளை எல்லாம் பளிச்சென்று இருந்தது. பளபளப்பை யாரும் ஒரே நாளில் கொண்டுவந்துவிடலாம். நான் பார்த்தது பாய்லருக்குத் தண்ணீர் ஏற்றும் இன்ஜெக்டர் குழாயின் இணைப்புகளை. ஒரு சொட்டு ஒழுகல் இல்லை.

இந்த இன்ஜினும் இதன் ஜோடியான 3-ஆம் எண் சர் ஹேடனும் இங்கே பிறந்தவை அல்ல. பக்கத்துப் பள்ளத்தாக்கில் ஓடிய காரிஸ் ரயில்வே 1948-ல் மூடப்பட்டதும் இரண்டும் மக்கின்லெத்தில் துருப்பிடித்துக் கிடந்தன. அந்தப் பாதையும் இதே இரண்டேகால் அடி. 1951-ல் தாலிலின்காரர்கள் தலைக்கு 25 பவுண்டு கொடுத்து வாங்கி வந்தார்கள். சர் ஹேடனை ஓட்டிப் பார்த்தால் தடம் புரண்டது. குற்றம் இன்ஜினிடம் இல்லை. தண்டவாளத்துக்கு அடியிலிருந்த கட்டைகள் மக்கிப் போய்ப் பாதையின் அகலம் விரிந்திருந்தது. பாதையை மறுபடி போட்ட பிறகுதான் அது ஒழுங்காக ஓடியது.

கதையை முன்னாலிருந்து சொல்லிவிடுகிறேன், தெரிந்துகொண்டு போனால் பயணம் வேறு மாதிரி இருக்கும். அமெரிக்க உள்நாட்டுப் போரால் பஞ்சு வரத்து நின்று மான்செஸ்டர் மில்கள் தவித்த காலம். மக்கானல் என்ற மில் குடும்பம் பணத்தை வேறு தொழிலில் போட நினைத்து, இந்த மலையிலிருந்த பிரின் எக்லூயிஸ் சிலேட்டுக் கல் சுரங்கத்தை எடுத்தது. நாம் பள்ளிக்கூடத்தில் எழுதிய அதே சிலேட்டு, இங்கே வீட்டுக் கூரைக்கு. கல்லைக் கீழே கொண்டுவரத்தான் இந்த ஏழேகால் மைல் பாதை, 1866-ல் திறந்தது. 1911-ல் சர் ஹென்றி ஹேடன் ஜோன்ஸ் என்ற நாடாளுமன்ற உறுப்பினர் வாங்கினார். 1946 கடைசியில் சுரங்கம் இடிந்து மூடிவிட்டது. ஆனாலும், தான் உயிரோடு இருக்கும்வரை ரயில் ஓடும் என்று சொன்ன சொல்லை அவர் காப்பாற்றினார். பிரிட்டிஷ் ரயில்களை எல்லாம் அரசு எடுத்துக்கொண்டபோதும் பட்டியலில் இந்தக் குட்டி ரயிலின் பெயர் இல்லை. 1950 ஜூலையில் அவர் இறந்தார். அந்த அக்டோபரில் எல்.டி.சி. ரோல்ட் என்ற பொறியாளரும் நண்பர்களும் பர்மிங்காமில் ஒரு ஹோட்டலில் கூட்டம் போட்டுச் சங்கம் அமைத்தார்கள். சர் ஹேடனின் மனைவி பங்குகளை அவர்கள் கையில் ஒப்படைத்தார். 1951 மே 14 அன்று வார்ஃபிலிருந்து ரிதிரோனன் வரை முதல் வண்டி. தொண்டர்கள் காப்பாற்றி ஓட்டிய ரயில் என்று உலகத்தில் அதற்கு முன்னால் ஒன்று கிடையாது.

அந்த முதல் வருஷத்தைத் தாங்கியது 2-ஆம் எண் டோல்கோக். 1866-ல் வைட்ஹேவனில் ஃபிளெட்சர் ஜென்னிங்ஸ் கட்டியது, அப்போதே வயது 85. நல்ல நிலையில் வேறு இன்ஜின் இல்லாததால் வண்டியை இழுக்க அது ஒன்றுதான் இருந்தது. பாய்லரில் தண்ணீர் குறைந்தால் உருகும் ஃபியூசிபிள் பிளக் ஒன்று உருகியிருந்தாலும், ஒரு ட்யூப் வெடித்திருந்தாலும் அந்தச் சங்கத்தின் கதை முடிந்திருக்கும். நான் போன அன்று அது நெருப்பில்லாமல் நின்றிருந்தது. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே அத்தனை இடைவெளி விட்டு, சிலிண்டருக்குள் ஸ்டீம் போவதைக் கட்டுப்படுத்தும் வால்வ் கியரை முன் அச்சிலிருந்து ஓட்டும்படி செய்திருக்கிறார்கள். குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். அதன் மூத்தது 1-ஆம் எண் தாலிலின். வந்த புதிதில் நாலு சக்கரம், பின்பாரம் அதிகமாகி ஓட்டத்தில் குதித்ததால் பின்னால் இன்னொரு ஜோடி சக்கரம் சேர்த்தார்கள். இரண்டுமே பாய்லர் மாற்றி, பாதி உடம்பு புதுசாகி வந்தவை. அதை ஒரு குறையாகச் சிலர் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஓடுகிற இன்ஜின் தேயும், தேய்ந்தால் மாற்ற வேண்டும். மாற்றாமல் வைத்திருந்தால் அது கண்ணாடிக்குப் பின்னால் நிற்கும் பொருள்.

பெட்டிகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். தொடக்கக் காலத்து நாலு பெட்டிகளும் கார்டு வேனும் இன்றைக்கும் இருக்கின்றன. மரப் பலகை, குறுகிய இருக்கை. முழங்கால் எதிரே இருப்பவரை இடிக்கும், முதுகுவலிக்காரர்கள் ஒரு தலையணை எடுத்துப் போங்கள். ஒரு பக்கத்துக் கதவுகள் திறக்கவே திறக்காது. பாதையின் மேல் கட்டிய பாலங்களில் பெட்டிக்கும் சுவருக்கும் இடைவெளி போதவில்லை என்று 1866-ல் அரசு ஆய்வாளர் கேப்டன் டைலர் கண்டுபிடித்தார். பாலத்தை இடித்துக் கட்டப் பணம் ஏது? ஒரு பக்கக் கதவுகளை நிரந்தரமாக அடைத்து, பாலத்துக்கு அடியில் தண்டவாளத்தை அந்தப் பக்கமாக நகர்த்தி, திறக்கும் பக்கத்தில் ஆள் இறங்க இடம் விட்டார்கள். 150 வருஷத்துக்கு மேலாகியும் அதே ஏற்பாடு. எல்லா பிளாட்பாரமும் அதனால் ஒரே பக்கம். எனக்கு இது மிகவும் பிடித்திருந்தது. பணிமனையில் இப்படித்தான், கையில் இருப்பதை வைத்து வழி பண்ணுவோம்.

வண்டி சைக்கிள் வேகத்தில் ஏறுகிறது. பென்ட்ரேயில் ஷெட்டையும் பணிமனையையும் ஒட்டியே பாதை போகிறது, அங்கே எட்டிப் பாருங்கள். 7-ஆம் எண் இன்ஜின் டாம் ரோல்ட், அயர்லாந்தில் கரிமண் ஏற்றிக்கொண்டிருந்த ஒரு பார்க்ளே இன்ஜினின் பாகங்களை வைத்து இந்தப் பணிமனையிலேயே கட்டி 1991-ல் ஓடத் தொடங்கியது. தொண்டர்கள் கைவைத்து ஒரு இன்ஜினையே கட்டி முடித்த கொட்டகை அது. அதன்பின் ஃபாத்யூ பள்ளத்தாக்கு. ஆட்டுக் கூட்டம், ஓக் மரங்கள், கல் அடுக்கிய வேலிகள். டோல்கோக் பள்ளத்தின் மேல் சுமார் 50 அடி உயரத்தில் மூன்று வளைவுச் செங்கல் பாலம். மேலே நன்ட் குவெர்னோல் கடைசி நிலையம், 1976-ல் சேர்த்தது. அங்கே சாலையே கிடையாது, ரயிலிலோ நடந்தோதான் போக முடியும். சிலேட்டு வண்டிகளைக் கம்பி வடத்தில் இறக்கிய சரிவின் அடிவாரம் அதுதான். திரும்பும்போது அபெர்கினோல்வினில் தேநீருக்கு நிறுத்துகிறார்கள். போகவர இரண்டேகால் மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

அங்கேதான் ஃபயர்மேனோடு பேசினேன். வாரநாளில் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை பார்க்கும் பெண், நாற்பது வயது இருக்கும். லீவு போட்டு வந்திருக்கிறாள். விடியலுக்கு முன்னால் எழுந்து, சாம்பல் வாரி, விறகு அடுக்கி நெருப்புப் போட்டு, மூன்று நாலு மணி நேரம் பொறுமையாகச் சூடேற்றி ஸ்டீம் வரவைக்க வேண்டும். அவசரப்பட்டால் தகடு விரிவதில் ஏறுமாறு வந்து, தகடுகளைச் சேர்த்துப் பிடிக்கும் ஸ்டே என்ற கம்பி முறியும். இதை அவள் சொல்லி முடிக்குமுன் நான் தலையாட்டினேன். நான் யார் என்று மகள் ஆங்கிலத்தில் சொன்னதும் டிரைவரும் இறங்கி வந்துவிட்டார். எக்ஸ் கிளாஸில் பல்சக்கரம் எப்படிப் பிடிக்கிறது, எண்ணெய் எரித்தால் ஃபயர்பாக்ஸ் செங்கல் எத்தனை நாள் தாங்கும் என்று கேள்வி மேல் கேள்வி. ஃபயர்பாக்ஸ் ஸ்டேயைச் சுத்தியலால் தட்டி, சத்தத்தை வைத்தே முறிவைச் சொல்லும் வேலையை மேஸ்திரி எனக்குக் கற்றுக்கொடுத்த விதத்தை இரும்புக் கைப்பிடியில் தட்டிக் காட்டினேன். ஓய்வு பெற்ற நாளிலிருந்து இதை என்னிடம் யாரும் கேட்டதில்லை.

டிக்கெட் கொடுப்பவர், கார்டு, வண்டிகள் விலகும் லூப்பில், ஒற்றைப் பாதையில் போக அனுமதியான டோக்கனை மாற்றும் பிளாக்மேன், புல் வெட்டுகிறவர் என்று நான் பார்த்த பெரும்பாலானோர் தொண்டர்கள். சம்பளத்துக்கு இருக்கும் சிலரும் உண்டு. யார் வந்தாலும் ஆரம்பம் துடைப்பதுதான். இன்ஜினைத் துடைத்துத் துடைத்தே எந்த போல்ட் எங்கே என்று கைக்குத் தெரிய வேண்டும். அப்புறம் ஃபயர்மேன், பல வருஷம் கழித்து டிரைவர். நாங்கள் படித்த பள்ளிக்கூடமும் இதுவே. மேட்டுப்பாளையத்திலும் குன்னூரிலும் மாசம் ஒரு சனிக்கிழமை இப்படி இளைஞர்கள் வந்து பெரியவர்கள் பக்கத்தில் நின்று துடைக்க வழி இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று திரும்பி வரும் வழியெல்லாம் நினைத்தேன். நீலகிரி ரயில் 2005-ல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. இந்தப் பாதை 2021-ல், வடமேற்கு வேல்ஸின் சிலேட்டு நிலப்பரப்போடு சேர்ந்து ஏறியது.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். குளிர்காலத்தில் பெரும்பாலும் வண்டி கிடையாது, ஈஸ்டரிலிருந்து அக்டோபர்வரை கால அட்டவணையைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். பத்து வருஷத்துக்கு ஒரு தடவை பாய்லரைக் கழற்றி முழுசாகச் சோதிக்கும் வழக்கம் இருப்பதால், நீங்கள் ஆசைப்படும் இன்ஜின் அன்று பணிமனையில் கிடக்கலாம், முன்கூட்டி விசாரித்துக்கொள்ளுங்கள். மேலே ஏறும்போது இன்ஜினுக்குப் பின்னாலிருக்கும் முதல் பெட்டியில் உட்கார்ந்தால் புகைபோக்கிச் சத்தம் நெஞ்சில் மோதும், வெள்ளைச் சட்டை வேண்டாம். வார்ஃபில் உள்ள குறும்பாதை ரயில் அருங்காட்சியகத்துக்கு முக்கால் மணி நேரம் ஒதுக்குங்கள். சோறு வேண்டுமென்றால் கட்டிக்கொண்டு போய்விடுங்கள், நாங்கள் புளியோதரை கொண்டுபோயிருந்தோம்.

கடைசி வண்டி வந்து நின்றதும் நர்ஸ் பெண் கை துடைக்கும் பழந்துணி ஒன்றை என்னிடம் நீட்டினாள். நம் ஊர் பனியன் வேஸ்ட் போலத்தான் இருந்தது. பாய்லர் மேலிருக்கும் டோமின் பித்தளையைச் சுற்றி ஒரு முழு வட்டம் துடைத்துக் கொடுத்தேன். செப்டம்பரில் நான் ஊருக்குத் திரும்புவதற்குள் பேரனையும் கூட்டிக்கொண்டு இன்னொரு முறை போகிறோம். அன்றைக்கு டோல்கோக்கில் இறங்கி அருவி வரை நடந்துவிட்டு, அடுத்த வண்டியில் ஏறிக்கொள்ளலாம் என்றிருக்கிறோம்.