மாரடைப்பு நோயாளிக்கு ஃப்ளூ ஊசியா, கோவிட் ஊசியா?

மாரடைப்பு சிகிச்சை முடிந்து வீடு திரும்புபவருக்கு முதலில் எந்தத் தடுப்பூசியைக் கேட்டுப் பெறுவது என்ற கேள்விக்கு, இரண்டு ஊசிகளுக்கும் உள்ள சான்றுகளை அருகருகே வைத்துப் பார்த்த பிறகு, ஃப்ளூ ஊசிதான் என்பது என் முடிவு.

இரண்டு தொற்றுகளுமே இதயத்துக்கு ஆகாதவை. கனடாவின் ஒன்ராறியோவில் நடந்து 2018இல் வெளியான ஆய்வில், இன்ஃபுளுயென்சா (ஃப்ளூ) உறுதியான முதல் 7 நாட்களில் மாரடைப்புக்காக மருத்துவமனையில் சேருவது மற்ற நாட்களைவிட ஏறத்தாழ 6 மடங்காக இருந்தது. சுவீடனில் 2021இல் வெளியான கோவிட் ஆய்வில், தொற்று தொடங்கிய நாளை நீக்கிப் பார்த்தபோதும் முதல் வாரத்தில் அது சுமார் 3 மடங்கு. கணக்கிட்ட முறைகள் வேறு என்பதால் இந்த எண்களைக் கொண்டு எந்தக் கிருமி கொடியது என்று தீர்ப்புச் சொல்லக்கூடாது. உடலில் எழும் அழற்சி இரத்தக்குழாயின் கொழுப்புப் படிவை வெடிக்கச் செய்வதும், இரத்தம் எளிதில் உறைவதும் இரண்டிலும் நடக்கின்றன.

வேறுபாடு உயிர்பிழைப்புச் சான்றில் இருக்கிறது. கோவிட்டோடு கடும் மாரடைப்பும் வந்தவர்களைப் பற்றிய வட அமெரிக்கப் பதிவேட்டில், 2020இல் 33 சதவீதம் பேரும் 2021இல் 23 சதவீதம் பேரும் மருத்துவமனையிலேயே இறந்தனர். தடுப்பூசி போடாதவர்களில் 22 சதவீதம் பேர் இறக்க, முழுமையாகப் போட்டிருந்த 22 பேரில் ஒருவரும் இறக்கவில்லை. நெஞ்சை நெகிழ வைக்கும் செய்திதான். ஆனால் 22 பேர் மிகச் சிறிய கூட்டம், அவர்கள் குலுக்கல் முறையில், அதாவது யாருக்கு ஊசி என்பதைச் சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோல் முடிவுசெய்து, பிரிக்கப்பட்டவர்களும் அல்லர்.

ஃப்ளூ ஊசிக்கோ குலுக்கல் முறைச் சோதனையே உண்டு. சுவீடன் மருத்துவர்கள் தலைமையில், வங்கதேசம் உட்பட 8 நாடுகளில், பெரும்பாலும் மாரடைப்புக்குச் சிகிச்சை பெற்ற 2,500க்கும் மேற்பட்டோருக்கு, மருத்துவமனையில் இருக்கும்போதே ஃப்ளூ ஊசியோ, ஒப்பீட்டுக்காக மருந்தில்லாத உப்புநீர் ஊசியோ போடப்பட்டது. 12 மாதங்களில் இறந்தவர்கள் முதல் பிரிவில் 2.9 சதவீதம், இரண்டாவதில் 4.9 சதவீதம். மறு மாரடைப்பு தெளிவாகக் குறையவில்லை என்பதையும், பெருந்தொற்றால் சோதனை திட்டமிட்ட எண்ணிக்கையை எட்டுமுன்பே நின்றது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆயினும் 50 பேருக்கு ஊசி போட்டால் ஓராண்டில் ஒருவர் உயிர் தப்புவார் என்ற கணக்கு, இவ்வளவு மலிவான மருந்துக்கு மிகப் பெரியது.

ஃபைசர், மாடர்னா போன்ற எம்.ஆர்.என்.ஏ. வகைக் கோவிட் ஊசிக்குப் பின் அரிதாக வரும் இதயத்தசை அழற்சி பெரும்பாலும் இளம் ஆண்களிடம் காணப்படுவது. வயதான மாரடைப்பு நோயாளி அதற்கு அஞ்சி அந்த ஊசியைத் தவிர்க்க வேண்டியதில்லை. ஐரோப்பிய இதயவியல் கழகத்தின் 2023 நெறிமுறை மாரடைப்பு நோயாளிகளுக்கு ஃப்ளூ ஊசியைப் பரிந்துரைக்கிறது. ஆகவே ஆஸ்பிரின், ஸ்டாட்டின் மாத்திரைகளோடு அதையும் எழுதித் தருமாறு, டிஸ்சார்ஜ் ஆகும் முன்பே இதய மருத்துவரிடம் கேளுங்கள்.