இரண்டு பிள்ளைகளோடு இரவு ரயிலில்: எழும்பூரிலிருந்து கோவில்பட்டி வரை

பெரியவனுக்கு மூன்று வயது, சின்னவளுக்கு எட்டு மாதம். ஆக்லாந்திலிருந்து ஊருக்குக் கிளம்புகிறோம் என்றதும் சொந்தக்காரர்கள் எல்லாரும் கேட்டது ஒன்றுதான்: "சென்னையிலேர்ந்து கோவில்பட்டிக்கு இந்தப் பிள்ளைகளை வச்சிக்கிட்டு எப்படி வருவீங்க?" மதுரைக்கோ தூத்துக்குடிக்கோ விமானத்தில் வந்துவிடுங்கள், கார் அனுப்புகிறேன் என்றார் மாமனார். நாங்கள் போகும்போதும் வரும்போதும் இரவு ரயிலில்தான் போனோம். இனியும் அப்படித்தான் போவோம். விமானத்தில் பெல்ட் போட்டுக் கட்டிவைத்த பிள்ளைகள் ரயிலில் காலை நீட்டிப் படுத்தார்கள், தவழ்ந்தார்கள், ஜன்னலில் முகத்தை ஒட்டிக்கொண்டார்கள்.

வந்து இறங்கிய மறுநாளே ரயில் ஏறிவிடாதீர்கள். ஜனவரியில் ஆக்லாந்து நேரம் நம்ம ஊருக்கு ஏழரை மணி நேரம் முந்தியது. இங்கே நள்ளிரவு 12 மணி என்றால் பிள்ளைகளின் உடம்புக்கு அது காலை ஏழரை. மூன்றாம் நாள்கூடப் பெரியவன் இரவு ஒரு மணிக்கு எழுந்து தம்பி வீட்டுக் கூடத்தில் கார் ஓட்டிக்கொண்டிருந்தான். ரயில் பெட்டியில் மற்றவர்கள் தூங்கும்போது அப்படி நடந்தால் யாருக்கும் நல்லதில்லை. ஆறாம் நாள் இரவு ஏறினோம். அதற்குள் இருவருக்கும் இந்த ஊர் ராத்திரி பழகிவிட்டது.

இப்போது முன்பதிவு 60 நாளைக்கு முன்தான் திறக்கிறது. 2024 நவம்பர் வரை அது 120 நாளாக இருந்தது. காலை 8 மணிக்குத் திறந்த உடனேயே தம்பி சென்னையில் உட்கார்ந்து போட்டுக்கொடுத்தான். கடைசி நேர முன்பதிவான தட்காலை நம்பி இருக்காதீர்கள். 2025 ஜூலையிலிருந்து இணையத்தில் தட்கால் எடுக்க ஆதார் இணைத்த கணக்கு வேண்டும், வெளிநாட்டில் இருக்கும் நம்மில் பலரிடம் அது கிடையாது.

ஐந்து வயதுக்குக் கீழே பிள்ளைக்கு டிக்கெட் வேண்டாம், ஆனால் படுக்கையும் கிடையாது. பெரியவருக்கான முழுக் கட்டணத்தைக் கொடுத்தால் படுக்கை வாங்கிக்கொள்ளலாம். பலர் "மூணு வயசுப் பிள்ளைக்கு எதுக்குக் காசு?" என்று விட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து வாங்குங்கள். படுக்கையின் அகலம் ஒரு முழத்துக்குக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். அதில் ஒரு ஆளும் ஒரு பிள்ளையும் படுக்கலாம், அதற்கு மேல் யாரும் படுக்க முடியாது.

போகும்போது மூன்றாம் வகுப்பு ஏசி. எங்களுக்குக் கிடைத்த படுக்கை எண்கள் 1, 2, 3: கீழ், நடு, மேல். மூன்று வயதுப் பையனை நடுவிலோ மேலேயோ படுக்கவைக்க முடியாது. நல்லவேளையாகப் பக்கவாட்டுக் கீழ்ப் படுக்கையில் இருந்த ஒரு கல்லூரிப் பையன் கேட்டதும் மேலே போய்விட்டான். அந்தப் படுக்கையின் நடுவில் இருக்கும் மூட்டில் கம்பளியை மடித்துப் போட்டுவிட்டு, அப்பாவும் மகனும் அங்கே படுத்துக்கொண்டார்கள்.

மூன்றாவது டிக்கெட்டின் உண்மையான அருமை எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. நடுப் படுக்கையைத் தூக்கி மாட்டிவிட்டால் கீழே இருப்பவர் நிமிர்ந்து உட்கார முடியாது. கழுத்தை வளைத்துக்கொண்டு எப்படிப் பால் கொடுப்பது? என் தலைக்கு மேலிருந்த நடுப் படுக்கை எங்களுடையதே என்பதால் இரவு முழுக்க அதைத் தூக்கவே இல்லை. மூன்று தடவை நிமிர்ந்து உட்கார்ந்து, சுவரில் சாய்ந்து, சால்வையைப் போர்த்திக்கொண்டு பால் கொடுத்தேன். கர்ப்பிணிகள், 45 வயது தாண்டிய பெண்கள், மூத்த குடிமக்கள் ஆகியோருக்குக் கீழ்ப் படுக்கை ஒதுக்கீடு இருக்கிறது. கைக்குழந்தை வைத்திருக்கும் தாயையும் அதில் சேர்க்க வேண்டும். 2022 மே மாதத்தில் லக்னோ மெயிலில் கீழ்ப் படுக்கையோடு ஒட்டினாற்போல், தடுப்பு வைத்த சின்னக் குழந்தைப் படுக்கையைச் சோதனையாகப் பொருத்திப் பார்த்தார்கள். அது எல்லா இரவு வண்டிகளுக்கும் வர வேண்டும்.

எதிர்ப் படுக்கையில் சாத்தூருக்குப் போகிற ஆச்சி ஒருவர். செங்கல்பட்டு வருவதற்குள் சின்னவள் வீறிட ஆரம்பித்துவிட்டாள். "ஏ தாயி, புள்ளைய இங்க குடு. நீ மொதல்ல ரெண்டு வாய் சாப்பிடு" என்று வாங்கிக்கொண்டார். பிறகு பையிலிருந்து ஒரு பழைய நூல் சேலையை எடுத்து, இரு பக்கமும் நடுப் படுக்கையைத் தாங்கும் சங்கிலிகளில் முடிந்து தொட்டில் கட்டினார். நானும் முடிச்சை இழுத்துப் பார்த்தேன், அவரும் ஒரு கையைத் தொட்டிலிலிருந்து எடுக்கவே இல்லை. வண்டியின் ஆட்டமும் சேர்ந்துகொள்ள, பத்தே நிமிடத்தில் தூங்கிவிட்டாள். பத்து மணிக்கு மேல் எதிர் நடுப் படுக்கைக்காரருக்குப் படுக்க உரிமை உண்டு. அவரோ, "பச்சப்புள்ள தூங்கட்டும்க்கா, நான் விழுப்புரம் தாண்டிப் படுத்துக்கிறேன்" என்று நடைபாதைப் பக்கம் போய் நின்றுகொண்டார். அவரை இப்போது நினைத்தாலும் மனசு நிறைகிறது.

வெந்நீரை வீட்டிலிருந்தே இரண்டு ஃபிளாஸ்க்கில் கொண்டுபோங்கள். ரயில் பிளக்கில் கெட்டில் போடக் கூடாது. இரவு 11 முதல் காலை 5 வரை சார்ஜ் பாயிண்டில் மின்சாரத்தை நிறுத்திவைக்கும் வழக்கமும் உண்டு, அதனால் பால் பம்ப்பை முன்னாலேயே சார்ஜ் ஏற்றிவிடுங்கள். டயப்பர் மாற்றத் தனி இடம் கிடையாது. படுக்கையிலேயே ரப்பர் ஷீட் விரித்து மாற்றினேன். கழற்றியதை இரண்டு கவரில் முடிந்து குப்பைத்தொட்டியில் போடுங்கள். கழிப்பறைக் குழியில் போட்டால் பயோ டாய்லெட் அடைத்துக்கொள்ளும், பெட்டி முழுக்க அவதிப்படும். விடிகாலையில் ஏசி நன்றாகக் குளிரும், இரண்டு பேருக்கும் குல்லாயும் காலுறையும் வேண்டும்.

எனக்குப் பெரிய பயம் கோவில்பட்டியில் இறங்குவதுதான். வண்டி நிற்பது இரண்டே நிமிடம், வெளியே இன்னும் விடியவில்லை. விருதுநகர் தாண்டியதும் சின்னவளை மார்போடு கட்டிக்கொண்டேன். பெட்டிகள் கதவோரம் போய்விட்டன. வண்டி நின்றதும் முதலில் இவர் இறங்க, கல்லூரிப் பையன் தூங்குகிற பெரியவனை அவர் தோளில் சாய்த்தான். கதவருகே நின்ற இன்னொருவர் பெட்டிகளை ஒவ்வொன்றாகக் கீழே கொடுத்தார். கடைசியாக நான். பிளாட்பாரத்தில் மாமனார் டார்ச் லைட்டோடு நின்றிருந்தார்.

திரும்பும்போது இரண்டு மாற்றங்கள் செய்தோம். கோவில்பட்டியில் ஏறாமல் திருநெல்வேலி ஜங்ஷனுக்கே போய்விட்டோம். வண்டி புறப்படும் இடம் என்பதால் அவசரமில்லாமல் ஏறி, படுக்கை விரித்து, பிள்ளைகளுக்குச் சோறு ஊட்ட நேரம் இருந்தது. வகுப்பையும் இரண்டாம் வகுப்பு ஏசியாக மாற்றிக்கொண்டோம். அங்கே நடுப் படுக்கையே இல்லை, திரைச்சீலை இருக்கிறது. கட்டணம் கூடத்தான். கைக்குழந்தைக்குத் தாய்ப்பால் கொடுப்பவர்கள் வேறு எதில் மிச்சம் பிடித்தாலும் இதில் பிடிக்க வேண்டாம் என்பேன். எதிரெதிரே இரண்டு கீழ்ப் படுக்கை கிடைத்தது. நடுவே தரையில் துணிப் பைகளை அடுக்கி, மேலே கம்பளி விரித்தோம். பெரியவன் ஒருமுறை உருண்டு அதில்தான் விழுந்தான். எழாமல் அப்படியே தூங்கினான்.

இந்தத் தடவை தொட்டிலுக்குச் சேலை எங்களிடமே இருந்தது. சாத்தூரில் இறங்கும்போது ஆச்சி அதை அவிழ்த்து மடித்து என் பையில் வைத்துவிட்டுப் போயிருந்தார்.