மாருதி 800 பின் பிரேக் உதிரிகள்: ஷூ வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

பின் சக்கரம் பிரேக் விடாமல் பிடிக்கிறது என்று சொன்னதும் ஸ்பேர்ஸ் கடையில் முதலில் எடுத்து வைப்பது பிரேக் ஷூ செட். நாலு ஷூ, அதாவது சக்கரத்தோடு சுற்றும் டிரம்மை உள்ளிருந்து அழுத்திப் பிடிக்கும் வளைந்த துண்டுகள்; மேலே கறுகறுவென்று புது லைனிங் (உரசும் பட்டை). அதை மாட்டி ஒரு வாரம் ஓட்டினால் அதே டிரம் மறுபடி கொதிக்கும். காரணம் எளிது. பெடலிலிருந்து காலை எடுத்ததும் ஷூ உள்வாங்க வேண்டும். அதை உள்வாங்க விடாமல் வேறு ஏதோ தடுக்கிறது. அந்த வேறு ஏதோவை மாற்றாமல் ஷூவை மட்டும் மாற்றுவது காசுக்குக் கேடு. அதனால் இந்த மதிப்பீட்டில் ஷூ கடைசியில்தான் வரும்.

1983 டிசம்பரில் வந்து 2014 ஜனவரியில் உற்பத்தி நின்ற வண்டி இது. இன்று ஓடுகிற 800-இல் மிகப் புதியதற்கே பத்து வயது தாண்டிவிட்டது. ஆனாலும் சென்னை ஜி.பி. ரோட்டிலும் புதுப்பேட்டையிலும் பின் பிரேக் சாமான் தாராளமாகக் கிடைக்கிறது. கம்பெனி ஜென்யூன் பாக்கெட், டிவிஎஸ் கிர்லிங், ரானே போன்ற பெயர் போட்ட சாமான், பெயரே இல்லாத பிளாஸ்டிக் கவர் என்று மூன்று தினுசு. எதில் எந்தத் தினுசு போதும் என்பதைப் பாகத்துக்குப் பாகம் தனியாகத்தான் சொல்ல வேண்டும்.

கடைக்குப் போகும் முன் அரை மணி நேரம் செலவழித்துக் குற்றவாளியைப் பிடித்துவிடுங்கள். முன் சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் கல் வையுங்கள். கியர் நியூட்ரல், ஹேண்ட் பிரேக் விட்ட நிலை. பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். சக்கரத்தைக் கையால் சுற்றும்போது லேசான உரசல் சத்தம் கேட்டால் அது வழக்கம்தான். ஒரு சுற்றுக்கு ஒரு முறை மட்டும் உரசினால் டிரம் ஓவல் ஆகியிருக்கிறது. கரகரப்போடு ஆட்டமும் இருந்தால் பேரிங்கைப் பாருங்கள், பிரேக்கைத் திட்ட வேண்டாம். சுற்றவே முரண்டு பிடித்தால் மேற்கொண்டு வாருங்கள்.

முதலில் ஹேண்ட் பிரேக் லீவர் பக்கம் உள்ள அட்ஜஸ்ட் நட்டை நன்றாகத் தளர்த்துங்கள். சக்கரம் விட்டுக்கொடுத்தால் கேபிள். விடவில்லை என்றால் வீல் சிலிண்டரின் (ஆயில் அழுத்தத்தில் ஷூவை வெளியே தள்ளும் பாகம்) பிளீடர் நிப்பிளை (ஆயிலையும் காற்றையும் வெளியேற்றும் சிறு திருகு) கால் சுற்றுத் திறந்து விடுங்கள். ஆயில் சட்டென்று பீறிட்டு, சக்கரமும் லகுவானால் உள்ளே பிரஷர் சிக்கிக்கொண்டு நிற்கிறது என்று அர்த்தம். நிப்பிளை மூடி, பெடலை மிதித்துவிட்டு, சக்கரம் மறுபடி பிடித்த பிறகு, ரப்பர் ஹோஸுக்கு முன்னால் வரும் இரும்புக் குழாயின் யூனியனை (இணைப்பு நட்டை) தளர்த்துங்கள். இப்போது சக்கரம் விட்டால் கோளாறு மேலே, பெடல் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரில். விடாமல், நிப்பிளைத் திறந்தால் மட்டும் விட்டால், ஹோஸ் உள்ளுக்குள் வீங்கி ஒருவழி வால்வு மாதிரி ஆகிவிட்டது. வெளியிலிருந்து பார்த்தால் அந்த ஹோஸ் புதுசு போலவே இருக்கும். மிதிக்கும் அழுத்தம் ஆயிலைத் தள்ளிவிடும். ஸ்பிரிங் இழுக்கும் சின்ன அழுத்தத்துக்கு ஆயில் திரும்பி வராது.

நிப்பிளைத் திறந்தும் விடவில்லையா? கோளாறு டிரம்முக்குள்ளேதான். வீல் சிலிண்டரின் பிஸ்டன், ஸ்பிரிங், ஷூ தேயத் தேய இடைவெளியைச் சரிசெய்யும் அட்ஜஸ்டர், ஷூ உட்காரும் பின் தகடான பேக் பிளேட், இந்த நாலில் ஒன்று.

டிரம் வராமல் அடம் பிடித்தால் சுத்தியலால் விளிம்பைச் சாத்த வேண்டாம், வார்ப்பிரும்பு உடையும். பேக் பிளேட்டின் பின்னால் உள்ள ரப்பர் மூடியை எடுத்துவிட்டுத் திருப்புளியால் ஷூவைப் பிடித்திருக்கும் ஸ்பிரிங்கைத் தள்ளினால் ஹேண்ட் பிரேக் லீவர் ஒரு படி பின்வாங்கும், ஷூவும் சுருங்கும். பிறகு புல்லர் போட்டால் டிரம் வந்துவிடும். உள்ளே உள்ள தூசியைக் கம்ப்ரசர் காற்றால் ஊதவே கூடாது. பழைய லைனிங்கில் அஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். தண்ணீரோ பிரேக் கிளீனரோ தெளித்து நனைத்துத் துடையுங்கள்.

இனி சாமான்கள். முதலில் வீல் சிலிண்டர். இதில் பெயரில்லாத கவர் பக்கமே போகக் கூடாது. டிரம்மைக் கழற்றியதும் சிலிண்டரின் ரப்பர் தொப்பியை நகத்தால் மெல்ல உரித்துப் பாருங்கள். உள்ளே காய்ந்திருந்தால் நல்லது. ஈரமாக இருந்தால் கப் (பிஸ்டனோடு இருக்கும் ரப்பர் சீல்) ஒழுகுகிறது. பழுப்பு நிறத்தில் மாவு போல ஒட்டியிருந்தால் அது துரு; தண்ணீரை உறிஞ்சிய ஆயில் பல வருஷமாகச் செய்த வேலை. பிஸ்டன் வெளியே வரும், உள்ளே போகாது. இந்த நிலையில் குறைந்த விலைக்கு ரப்பர் கிட் போட்டுச் சமாளிக்கலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். போர் (சிலிண்டரின் உள்துளை) கண்ணாடி மாதிரி வழுவழுப்பாக இருந்தால் தாராளமாகப் போடலாம். நகம் ஒரு இடத்தில் தட்டினாலும் முழு சிலிண்டராகவே மாற்றுங்கள். அந்தப் பள்ளத்தில் புது கப் சில மாதத்தில் கிழிந்துவிடும்.

வாங்கும்போது பழைய சிலிண்டரைக் கையோடு எடுத்துப் போய் வெர்னியர் அளவுகோலில் பிஸ்டன் விட்டத்தை ஒத்துப் பாருங்கள். 15.87, 17.46, 19.05 மில்லிமீட்டர் என்று அங்குலக் கணக்கில் வரும் அளவுகள் பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும். பெரிய போர் மாட்டினால் பின் சக்கரம் முன்னதைவிட முந்தி லாக் ஆகும். மழை ரோட்டில் வண்டி வாலை வீசும். “ஆல்டோவுக்கும் இதேதான் சார்” என்ற பேச்சை அளந்து பார்க்காமல் நம்ப வேண்டாம். மாற்றினால் இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்றுங்கள்.

ஸ்பிரிங் கிட்டுக்குத்தான் எங்கள் முதல் ஓட்டு. மொத்த வேலையில் இதைப் போல் விலை குறைந்த, இதைப் போல் பலன் தரும் சாமான் வேறில்லை. ஆனால் கேட்டு வாங்கினால்தான் கிடைக்கும், கடைக்காரர் தானாக எடுத்துத் தரமாட்டார். ஷூவை உள்ளே இழுக்கும் பழைய ரிட்டர்ன் ஸ்பிரிங்கை மேஜையில் வையுங்கள். இழுக்காத நிலையில் சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்க வேண்டும். நடுவே வெளிச்சம் தெரிந்தால், அல்லது கம்பி நீலம் பாரித்திருந்தால், அது சூட்டில் செத்துவிட்டது. ஒரு தடவை நன்றாகப் பிடித்துக் கொதித்த டிரம்மில் இருந்த ஸ்பிரிங்கை எந்த யோசனையும் இல்லாமல் தூக்கிப் போடுங்கள். பெயர் போட்ட கிட் வாங்குங்கள். கவர் சாமானில் கொக்கி வளைவு சற்றுத் திறந்தே இருப்பதுண்டு. ஓட்டத்தில் கழன்றால் டிரம்முக்குள் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

ஸ்பிரிங் புதுசு, சிலிண்டர் புதுசு, அப்படியும் பிடிக்கிறது என்றால் பேக் பிளேட்டில் ஷூவின் ஓரம் உட்காரும் மேடைகளை விரலால் தடவிப் பாருங்கள். வருஷக்கணக்கில் உரசி உரசி அங்கே ஒரு பள்ளம் விழுந்திருக்கும். ஷூ வெளியே போய் அந்தப் பள்ளத்தின் ஓரத்தில் மாட்டிக்கொண்டு திரும்பாது. இதற்குக் கடையில் சாமான் கிடையாது. வெல்டிங் வைத்து அரத்தால் சமன் செய்து, ஒவ்வொரு மேடையிலும் ஒரு அரிசி அளவு, அதற்கு மேல் வேண்டாம், சூடு தாங்கும் கிரீஸ் வைக்க வேண்டும். சாதாரண சேஸிஸ் கிரீஸ் உருகி லைனிங்கில் இறங்கும்.

ஹேண்ட் பிரேக் கேபிளில் ஜென்யூனுக்கும் மற்றதற்கும் வித்தியாசம் கையிலேயே தெரியும். கேபிளை லேசான வளைவில் பிடித்து உள்கம்பியை இழுத்து விடுங்கள். வழுக்கிக்கொண்டு போக வேண்டும். மட்டமான கேபிளில் உள்ளே பிளாஸ்டிக் குழாய் இருக்காது, கம்பி இரும்போடு இரும்பு உரசி வரும். முதல் மழைக்காலத்திலேயே துருப் பிடிக்கும். பழைய கேபிளுக்கு எண்ணெய் விட்டால் சில வாரம் தாங்கும், அவ்வளவுதான். உறை வெடித்திருந்தால் அதுவும் வீண்.

கேபிள் மாட்டியதும் செய்யும் ஒரு தப்பு மிகப் பரவலானது. பலர் முதலில் கேபிளை இறுக்கிவிடுகிறார்கள். இறுகிய கேபிள் ஷூ லீவரைத் தன் இருப்பிடத்துக்குத் திரும்ப விடாது; ஆட்டோ அட்ஜஸ்டரும் வேலை செய்யாது, பிரேக்கும் பிடிக்கும். கேபிளைத் தளர்வாக விட்டுவிட்டு, பெடலை இருபது முப்பது தடவை மிதித்து அட்ஜஸ்டரைத் தன் இடத்துக்கு வரவிடுங்கள். கடைசியில் கேபிள். ஹேண்ட் பிரேக் லீவர் ஐந்தாறு பல்லில் பிடித்தால் போதும். அட்ஜஸ்டரில் இடது, வலது வேறு வேறு. ஒரு பக்கத்தை முழுதாக முடித்த பிறகே மறுபக்கத்தைக் கழற்றினால் குழப்பமே வராது.

பிரேக் ஆயில் டாட் 3 தரம். டாட் 4-உம் சேரும். புது டாட் 3-க்குக் கொதிநிலை குறைந்தபட்சம் 205 டிகிரி செல்சியஸ். தண்ணீர் உறிஞ்சியதும் அந்த வரம்பு 140 டிகிரி. பிடித்துக் கொதிக்கும் டிரம்முக்கு இந்த வித்தியாசம் பெரிது. சின்ன பாட்டிலாக, சீல் உடையாததாக வாங்குங்கள். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள். மெக்கானிக் ஷெட்டில் பாதி திறந்து கிடக்கும் டின் வேண்டவே வேண்டாம். தப்பித் தவறி இன்ஜின் ஆயிலோ பவர் ஸ்டீயரிங் ஆயிலோ விழுந்திருந்தால் மாஸ்டர் சிலிண்டர் முதல் எல்லா ரப்பரும் ஊதிவிடும். ஊதிய கப், ஆயில் திரும்பும் மாஸ்டரின் சின்னத் துளையை அடைக்கும், நாலு சக்கரமும் சேர்ந்து பிடிக்கும். அப்போது கழுவிச் சமாளிக்க முடியாது. ஹோஸ், கப் எல்லாமே மாற்ற வேண்டும். மாஸ்டரைக் கழற்றும் முன் பெடலில் பிரீ பிளே (மிதிக்கத் தொடங்கும்போது வரும் சிறு தளர்வு) இருக்கிறதா என்றும் பாருங்கள். பெடலிலிருந்து மாஸ்டரைத் தள்ளும் புஷ் ராட் நீளமாக வைக்கப்பட்டிருந்தாலும் இதே கோளாறுதான்.

இப்போது ஷூ. இதில் ரானே போன்ற பெயர் போட்ட சாமானே போதும், ஜென்யூன் பாக்கெட்டுக்குக் கூடுதல் காசு தேவையில்லை என்பது எங்கள் கருத்து. லைனிங் ஓரத்தில் விரிசல் இருக்கிறதா, ஒட்டிய இடத்தில் இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள். டிரம்மில் வைத்து, நடு மட்டும் தொடுகிறதா, முனை மட்டும் தொடுகிறதா என்று பாருங்கள். முனைகள் மட்டும் தொட்டால் அந்த ஷூ இறுக்கிப் பிடிக்கும். டிரம் விளிம்பில் படி விழுந்திருந்தால் புது ஷூ அதில் மாட்டும். லேத்தில் கொடுக்கலாம், ஆனால் டிரம்மில் வார்த்திருக்கும் அதிகபட்ச விட்டத்தைத் தாண்டக் கூடாது. கடைந்தால் இரண்டையும் ஒரே அளவுக்கு.

எல்லாம் மாட்டி ஏர் எடுத்தபின் (குழாயில் சிக்கிய காற்றை நிப்பிள் வழியாக வெளியேற்றியபின்), பிரேக்கை அதிகம் மிதிக்காமல் ஐந்து கிலோமீட்டர் ஓட்டி நிறுத்துங்கள். இரண்டு பின் டிரம்மிலும் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடுங்கள். ஒரு பக்கம் மட்டும் சுர்ரென்றால் அந்தப் பக்கத்தை மறுபடி திறக்க வேண்டும். டிரம் சூடாக இருக்கும்போதும், மழையில் நனைந்த வண்டியை நாள் கணக்கில் நிறுத்தும்போதும் ஹேண்ட் பிரேக் போடாதீர்கள். சுருங்கும் டிரம் ஷூவைக் கவ்வும், ஈரத்தில் லைனிங் துருவோடு ஒட்டும். முதல் கியரில் விட்டுச் சக்கரத்துக்குக் கல் வையுங்கள்.